பாரிஸில் மூன்று இரவு: எங்கே தங்கினீர்கள், எவ்வளவு ஆனது?

கோவைக்காரி

செப்டம்பர் கடைசியில் பாரிஸில் மூன்று இரவு தங்கப் போகிறோம். நான், கணவர், அம்மா. அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி. மூன்று பேருக்கும் ஒரே அறை, ஒரு இரவுக்கு 120 யூரோவைத் தாண்டக் கூடாது என்று வீட்டில் ஒப்பந்தம்.

கேட்பதற்கு முன் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். 2019இல் நானும் கணவரும் போனபோது 64 யூரோவுக்கு அறை கிடைத்தது. ஹோட்டல் பெயரிலேயே பாரிஸ் இருந்தது, வேறென்ன வேண்டும் என்று போட்டுவிட்டோம். போய் இறங்கினால் அது விமான நிலையத்துக்குப் பக்கத்தில், ரோய்ஸியில். அங்கிருந்து நகரத்துக்குள் போக அப்போது ஆளுக்கு 10.30 யூரோ டிக்கெட். இரண்டு பேர் போய்வர நாளைக்கு 41.20. இரண்டு நாள் அப்படியே கட்டினோம். கடைசி ரயிலைத் தவறவிடுவோமோ என்ற பயத்தில் ஈபிள் கோபுரம் ராத்திரியில் மின்னுவதைப் பார்க்காமலேயே திரும்பினோம். அம்மா இன்றும் அதைச் சொல்லிச் சிரிப்பார்.

இந்தத் தடவை அந்தத் தப்பு வேண்டாம். தங்கிப் பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஊர்சுற்றி, சென்னை

நீங்கள் பார்க்க வேண்டியது ஹோட்டல் பெயரை அல்ல, அஞ்சல் எண்ணை. 75 என்று ஆரம்பித்தால் பாரிஸ் நகரம். கடைசி இரண்டு இலக்கம் வட்டாரத்தின் எண். 75001 என்றால் லூவ்ர் அருங்காட்சியகம் இருக்கும் நடு ஊர். அங்கிருந்து நத்தை ஓடு மாதிரி சுற்றிச் சுற்றி 75020 வரை போகும். 92, 93, 94 என்றால் ஊரை ஒட்டிய புறநகர். உங்கள் ரோய்ஸி 95.

என் கதை வேறு. அதே 2019, ஜூலை மாதம். வட்டாரம் சரி, விலை சரி, மெட்ரோ வாசலிலேயே. ஆனால் மேல் மாடி அறை, ஏசி இல்லை. பாரிஸில் எதற்கு ஏசி, நாம் பார்க்காத வெயிலா என்று நினைத்தேன். ஜூலை 25ஆம் தேதி 42.6 டிகிரி அடித்தது, அந்த ஊரில் அதுவரை பதிவாகாத வெயில். பழைய கட்டடங்களின் கூரையெல்லாம் துத்தநாகத் தகடு. நான் அதற்கு நேர் கீழே. மின்விசிறி கேட்டேன், இருந்த நாலும் போய்விட்டது என்றார்கள். துண்டை நனைத்துப் போட்டுக்கொண்டு தரையில் படுத்தேன். சென்னையில் பிறந்து வளர்ந்தவன் பாரிஸ் வெயிலில் வாடினான் என்று வெளியே சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

செப்டம்பரில் உங்களுக்கு அந்தப் பிரச்சினை இருக்காது. கோடையில் போகிறவர்கள் மட்டும் அறை விவரத்தில் ஏசி என்ற சொல் இருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

லாச்சப்பல் வாசி, பரிஸ்

தங்கச்சி, நான் இங்கே வந்து இருபது வருடத்துக்கு மேல். கனடாவில் இருந்தும் லண்டனில் இருந்தும் சொந்தக்காரர் வந்தால் ஹொட்டேல் பார்த்துக் கொடுப்பது என் வேலை. வீட்டில் இடம் காணாது.

எல்லோரும் முதலில் கேட்பது லாச்சப்பல்தான். கார் து நோர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் மலிவு ஹொட்டேல்கள் நிறைய இருக்கின்றன. இறங்கி நடந்தால் தோசை, இடியப்பம், மல்லிகைப்பூ, தமிழில் பெயர்ப்பலகை. பகலில் யாழ்ப்பாணத்துக் கடைவீதிக்கு வந்த மாதிரி இருக்கும். நான் ஒளிக்காமல் சொல்கிறேன், இரவில் அந்த ஸ்டேஷனைச் சுற்றிச் சத்தமும் கூட்டமும் அதிகம், கைப்பையைக் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்க வேண்டும். இளம் ஆட்களுக்குப் பரவாயில்லை. முழங்கால் வலி உள்ள அம்மாவோடு நான் அங்கே தங்கச் சொல்ல மாட்டேன். பகலில் வந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

முழங்கால் வலி என்றால் நீங்கள் பயப்பட வேண்டியது தூரத்துக்கு இல்லை, படிக்கு. இந்த ஊர் மெற்றோவில் 14ஆம் லைனை விட்டால் மற்றதெல்லாம் படிதான், பெரும்பாலும் லிஃப்ட் கிடையாது. ரயில் மாறும் இடங்களில், அதுவும் ஷாத்லேயில், நிலத்துக்கு அடியிலேயே ஒரு ஊர் தூரம் நடக்க வேண்டும். ஆகவே மாறாமல் போகிற லைன் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

என் முடிவு நசியோன் ஸ்டேஷன் பக்கம். நீங்கள் நேஷன் என்று வாசிப்பீர்கள். 1ஆம் லைனில் ஏறினால் நேரே லூவ்ர். 6ஆம் லைனில் ஏறினால் பிர் ஆக்கைம், ஈபிள் கோபுரத்துக்கு அங்கிருந்து நடை. அந்த லைன் பாதித் தூரம் பாலத்துக்கு மேலால் ஓடும், ஊரைப் பார்த்துக்கொண்டே போகலாம். 2ஆம் லைனில் ஏறினால் லாச்சப்பல். 2க்கும் 6க்கும் நசியோன்தான் முதல் ஸ்டேஷன். வெறும் ரயில் வந்து நிற்கும், அம்மாவுக்கு இருக்கை நிச்சயம். இதை எந்த ஹொட்டேல் விளம்பரமும் எழுதாது.

இன்னொன்று. லிஃப்ட் உண்டு என்று போட்டிருந்தாலும் அது எந்தப் படியில் இருந்து தொடங்குகிறது என்று கேளுங்கள். என் மாமியாரைக் கூட்டிக்கொண்டு போன இடத்தில் லிஃப்டுக்குப் போகவே பதினொரு படி ஏற வேண்டியிருந்தது. ஏறின பிறகு ஒரு ஆளும் ஒரு பெட்டியும்தான் கொள்ளும்.

லண்டனில் இருந்து

நான் யூரோஸ்டார் ரயிலில் போய்வருகிறவன். செயின்ட் பாங்க்ராஸில் ஏறினால் இரண்டேகால் மணி நேரத்தில் கார் து நோர். அதனால் எனக்கு அந்தப் பக்கம்தான் வசதி. சத்தம் இருக்கிறது, பழகிவிட்டது. ஒரு பையோடு வெள்ளி இரவு போய் ஞாயிறு திரும்புகிற ஆளுக்கு நடக்கும் தூரத்தில் அறை இருப்பதே பெரிய மிச்சம்.

ஆனால் கோவைக்காரி அக்கா, செப்டம்பர் கடைசி என்கிறீர்களே. அது ஃபேஷன் வாரம் நடக்கும் சமயம். போன தடவை 95 யூரோவுக்கு இருந்த அதே அறையை அந்த வாரத்தில் 210க்குப் பார்த்தேன். அறை மாறவில்லை, படுக்கை விரிப்பு கூட அதே பழுப்பு நிறம். மே கடைசியில் ரோலாங் காரோஸ் டென்னிஸ், ஒற்றைப்படை ஆண்டுகளில் ஜூனில் லெ பூர்ஜே விமானக் கண்காட்சி, அந்த நாட்களிலெல்லாம் இதே கதைதான். தேதியை நகர்த்த முடியுமென்றால் முதலில் தேதியை நகர்த்துங்கள், பிறகு ஹோட்டல் தேடலாம்.

நகர்த்த முடியாதவர்களுக்கு ஒரு வழி லா தெஃபோன்ஸ். அலுவலகங்கள் நிறைந்த இடம், வாரநாளில் கோட்டு சூட்டுக் கூட்டத்துக்கு விலை ஏறும், சனி ஞாயிறு இறங்கும். ஒரு சனிக்கிழமை 82 யூரோவுக்கு நாலு நட்சத்திர அறையில் தூங்கினேன். 1ஆம் லைன் அங்கேதான் தொடங்குகிறது. ஆனால் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் தெருவில் ஆளே இல்லை, பாரிஸுக்கு வந்த உணர்வும் இல்லை. கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவே தனியாக பர்கர் தின்றேன்.

பை ஒன்று போதும்

என்னைப் போல் தனியாகப் போகும் மாணவர்களுக்கு: மோந்த்ரேய். அஞ்சல் எண் 93தான், ஆனால் 9ஆம் லைன் ஊருக்குள்ளேயே வருகிறது. அதிலேயே ரிபப்ளிக், அதிலேயே த்ரொகதேரோ, ஈபிள் கோபுரம் எதிரில். புறநகர் எல்லாம் ஒன்றல்ல என்பதற்காகச் சொல்கிறேன். அறை 58 யூரோ, குளியலறை உள்ளேயே. நகரத்துக்குள் இந்த விலைக்கு எட்டுப் பேர் குறட்டை விடும் ஹாஸ்டலில் ஒரு கட்டில்தான் கிடைத்தது.

காலை உணவுக்கு ஹோட்டலில் 14 யூரோ கேட்டார்கள். தெருமுனை பேக்கரியில் காபியும் க்ருவாஸோனும் சேர்ந்து நாலு யூரோவுக்குள் முடிந்தது.

மதுரைக்காரன்

விசாவுக்காக அறை போடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தூதரகத்தில் காட்டத் தங்குமிடம் வேண்டும், விசா வருமா என்று தெரியாது, அதனால் இலவசமாக ரத்து செய்யக்கூடிய அறையாகப் போட்டேன். அதுவரை சரி. பணம் எடுப்பதற்கு முன் கார்டு செல்லுமா என்று ஹோட்டல் சோதித்திருக்கிறது. என் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை நான் திறந்தே வைக்கவில்லை. 24 மணி நேரத்துக்குள் வேறு கார்டு கொடுங்கள் என்று வந்த மின்னஞ்சல், விளம்பரங்களோடு சேர்ந்து எங்கோ புதைந்துவிட்டது. மறுநாள் அறை போய்விட்டது. விசா நேர்காணலுக்கு மூன்று நாள் முன்னால்! அப்புறம் 40 யூரோ அதிகம் கொடுத்து வேறு இடம் பிடித்தேன்.

அதில் ஒரு நல்லதும் நடந்தது. இரண்டாவது ஹோட்டலின் விலை கிளம்புவதற்குப் பத்து நாள் முன் தற்செயலாகப் பார்த்தால் குறைந்திருந்தது. புதிதாக ஒன்று போட்டு, உறுதியான பிறகு பழையதை ரத்து செய்தேன். இந்த வரிசை முக்கியம். முதலில் ரத்து செய்தால் நடுத்தெருவில் நிற்க வேண்டியிருக்கும்.

கோவைக்காரி

போய்வந்துவிட்டோம். தாமதமாக எழுதுகிறேன், மன்னிக்கவும்.

லண்டன் தம்பி சொன்னதைப் பார்த்ததும் கணவரிடம் சண்டை போட்டுத் தேதியை 2025 நவம்பர் இரண்டாம் வாரத்துக்கு மாற்றினேன். குளிர்தான், அம்மா இரண்டு சால்வை சுற்றிக்கொண்டார். நேஷனுக்கு, மன்னிக்கவும், நசியோனுக்கு ஆறு நிமிட நடையில், 75012இல், இரண்டு நட்சத்திர ஹோட்டல். மூன்று பேருக்கு ஒரு இரவு 118 யூரோ. மூன்றாவது கட்டிலை விரித்தால் கதவு பாதிதான் திறக்கும். யாராவது குளிக்கப் போனால் மற்ற இரண்டு பேரும் கட்டிலில் ஏறி உட்கார வேண்டும். நகரத்துக்குள் இந்த விலைக்கு இதுதான் அளவு என்று ஏற்றுக்கொண்டோம்.

யாரும் சொல்லாத ஒன்று: ஊர் வரி. ஆளுக்கு இவ்வளவு, இரவுக்கு இவ்வளவு, நட்சத்திரத்துக்குத் தகுந்தபடி. மூன்று பேருக்கு மூன்று இரவுக்குக் கிட்டத்தட்ட முப்பது யூரோ கிளம்பும்போது கையில் கேட்டார்கள். பார்த்தால் பதிவு செய்த தாளிலேயே சின்ன எழுத்தில் இருக்கிறது. ஒப்பந்தப்படி 120, வரியோடு 128. கணவர் இன்னும் கணக்குக் காட்டுகிறார்.

விமான நிலையத்திலிருந்து ரயிலுக்கு அப்போது ஆளுக்கு 13 யூரோ, மூன்று பேருக்கு 39. டாக்சிக்கு அங்கிருந்து மீட்டர் கணக்கு இல்லை, நிலையான விலை: அப்போது சேன் நதியின் வலக்கரைக்கு 56, இடக்கரைக்கு 65. எங்கள் ஹோட்டல் வலக்கரை. 17 யூரோ கூடப் போட்டால் அம்மா படி ஏற வேண்டாம், பெட்டி தூக்க வேண்டாம். ஆறு வருடத்துக்கு முன் ரயிலுக்கு அழுததை நினைத்துக்கொண்டே டாக்சியில் ஏறினேன்.

லிஃப்ட் தரைமட்டத்திலிருந்தே போகிறதா என்று முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்டேன். ஆமாம் என்று ஒரு வரியும், லிஃப்டின் படமும் அனுப்பினார்கள். லாச்சப்பல் அண்ணனுக்கு நன்றி. 6ஆம் லைனில் இரண்டு தடவையும் அம்மா சன்னல் ஓரம். கோபுரம் மின்னுவதை இந்தத் தடவை இரண்டு முறை பார்த்தோம், ஏழு மணிக்கு ஒன்று, எட்டு மணிக்கு ஒன்று. ரயில் பயமில்லை. சனிக்கிழமை காலை பக்கத்தில் கூர் து வேன்சேனில் தெருச் சந்தை. அம்மா ஒரு கிலோ பேரிக்காய் வாங்கிக்கொண்டு கடைக்கார அம்மாளிடம் தமிழிலேயே பேரம் பேசினார். விலை குறையவில்லை, இரண்டு பழம் கூட வந்தது.

அன்று மதியம் 2ஆம் லைனில் லாச்சப்பல் போனோம். ரூ பஜோல் தெருக் கோயிலில் மாணிக்க விநாயகரைக் கும்பிட்டுவிட்டு, சாப்பிட்டுவிட்டு, அம்மாவுக்கு மல்லிகைப்பூ.

லாச்சப்பல் வாசி, பரிஸ்

கோயில் வரைக்கும் வந்துவிட்டு ஒரு சொல் சொல்லவில்லையே தங்கச்சி! சனிக்கிழமை நான் இரண்டு தெரு தள்ளித்தான் மரக்கறி வாங்கிக்கொண்டு நின்றிருப்பேன்.