எங்கட தெரு, ஹாரோ, லண்டன்: மீற்றர்ப் பெட்டியில் தொடங்கிய கதை

வியாழன், 27 நவம்பர் 2025

சுகந்தி, 06:08
[படம்] காலை வணக்கம். இது கரண்ட், காஸ் செலவைக் காசாகக் காட்டும் எங்கள் வீட்டு மீற்றர்ப் பெட்டி. இன்னும் கேத்தில்கூடப் போடவில்லை. ஹீற்றரும் போடவில்லை. இரவு முழுக்க ஓடியது பிரிட்ஜ் மட்டும்தான். அதற்குள் ஒரு பவுணுக்குக் கிட்ட ஏறி நிற்கிறது. உங்கள் வீடுகளிலும் இப்படித்தானா?

ரவி அண்ணை, 06:15
அது ஸ்டாண்டிங் சார்ஜ், தங்கச்சி. நள்ளிரவு 12 மணி அடித்ததும் அன்றைய நாளுக்கான காசை முதலில் போட்டுவிடும். இந்த மூன்று மாதத்துக்கு, கரண்ட், எரிவாயு விலைக்கு உச்ச வரம்பு வைக்கும் ஒஃப்ஜெம் சொன்ன சராசரி, கரண்டுக்கு நாளைக்கு 53.68 பென்ஸ், காஸுக்கு 34.03 பென்ஸ். இரண்டும் சேர்ந்து கிட்டத்தட்ட 88. இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும்.

சுகந்தி, 06:19
அப்படியானால் வருடத்துக்கு 320 பவுண். வீட்டைப் பூட்டிவிட்டு ஊரில் போய் இருந்தாலும் அந்த 320-ஐக் கட்டத்தான் வேண்டும். பிள்ளைகளிடம் லைட்டை நிற்பாட்டு, கதவைச் சாத்து என்று நாள் முழுக்கக் கத்துகிறேன். கத்திக் கத்தி மிச்சம் பிடிப்பது இதில் கால்வாசி வருமோ தெரியாது.

தர்சினி, 06:41
நைட் டியூட்டி முடித்து பஸ்ஸில் வருகிறேன் அக்கா. நேற்று பட்ஜெட் கேட்டீர்களா? எங்கள் கெயார் ஹோமில், அதுதான் முதியோர் இல்லத்தில், எல்லோரும் அதைத்தான் கதைத்தார்கள். ஏப்ரலில் இருந்து குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 12.21 பவுணில் இருந்து 12.71. அந்த 50 பென்ஸுக்கு எங்கள் ஆட்கள் எவ்வளவு சந்தோஷப்பட்டார்கள் தெரியுமா. ஆனால் வரி இல்லாத எல்லை மட்டும் அதே 12,570. அதை 2031 வரைக்கும் அசைக்கப் போவதில்லையாம்.

தர்சினி, 06:49
இடைவேளையில் பேப்பரில் கணக்குப் போட்டேன். வாரம் 37.5 மணித்தியாலம், குறைந்தபட்சச் சம்பளம்.
2021: மணிக்கு 8.91. வருடம் 17,374. வருமான வரி 961 பவுண்.
இன்று: மணிக்கு 12.21. வருடம் 23,809. வருமான வரி 2,248 பவுண்.
என் வேலை உயரவில்லை, பதவி உயரவில்லை. அதே கட்டில்களை விரிக்கிறேன், அதே ஆட்களைக் குளிப்பாட்டுகிறேன். வரி மட்டும் இரண்டு மடங்குக்கு மேல்.

ரவி அண்ணை, 06:56
கணக்குச் சரி பிள்ளை. ஆனால் ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சம்பளத்தில் வரியோடு பிடிக்கும் நேஷனல் இன்சூரன்ஸை 2024-இல் 12 வீதத்தில் இருந்து முதலில் 10, பிறகு 8 என்று இறக்கினார்கள். அது உனக்கும் கிடைத்தது.

தர்சினி, 07:02
கிடைத்தது அண்ணை, இல்லை என்று சொல்லவில்லை. ஒரு கையால் தந்ததை மற்றக் கையால் எடுக்கிறார்கள் என்பதுதான் என் கோபம். வரி விகிதத்தைக் கூட்டவில்லை என்று மேடையில் சொல்லலாம். எல்லையை உறைய வைத்தாலும் காசு போவது எங்கள் சம்பளத்தில் இருந்துதானே? நிதியமைச்சர்களைப் பாருங்கள்: 2021-இல் ரிஷி சுனக் தொடங்கினார், ஜெரமி ஹன்ட் 2028 வரை நீட்டினார், நேற்று ரேச்சல் ரீவ்ஸ் 2031 ஆக்கினார். அரசாங்கம் மாறினால் இது மாறும் என்று நம்பித்தான் போன வருடம் நான் முதல் தடவையாக வாக்குப் போட்டேன்.

ரவி அண்ணை, 07:20
கடை திறந்துவிட்டேன். என் பக்கத்தையும் சொல்கிறேன். எங்களைப் போன்ற சில்லறைக் கடைகளுக்கு, கடைக் கட்டிடத்துக்குக் கட்டும் வரியான பிசினஸ் ரேட்ஸில் 75 வீதம் கழிவு இருந்தது. இந்த ஏப்ரலில் அது 40 ஆகிவிட்டது. அதை நான் எங்கே போய்ப் பிடிப்பது? அரிசியில் ஏற்றினால் நீங்கள் தாங்க மாட்டீர்கள். 2023 ஜூலையில் இந்தியா பச்சரிசி ஏற்றுமதியை நிறுத்தியபோது ஆட்கள் பயத்தில் நாலு ஐந்து பை தூக்கிக்கொண்டு போனது ஞாபகம் இருக்கும். 2024 செப்டம்பரில் தடையை எடுத்தார்கள். என் கடையில் விலை கொஞ்சம் இறங்கியது, பழைய இடத்துக்கு வரவே இல்லை.

ரவி அண்ணை, 07:24
நேற்று ஒரு அம்மா முருங்கைக்காய் நாலு எடுத்து தராசில் வைத்தார். விலையைப் பார்த்துவிட்டு இரண்டைத் திருப்பி வைத்தார். பிறகு ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தார். 22 வருடமாகக் கடை நடத்துகிறேன். ஒற்றை முருங்கைக்காய்க்கு நான் பில் போட்டதே இல்லை. காசு வேண்டாம் என்று சொன்னேன், அவருக்கு முகம் சிவந்துவிட்டது. சொல்லியிருக்கக்கூடாது என்று இரவு முழுக்க யோசித்தேன்.

கார்த்திக், 07:38
அண்ணா, படிக்கும்போதே மனசு கஷ்டமாக இருக்கிறது. எங்கள் நிலைமையும் சொல்கிறேன். மதுரையில் இருந்து வந்து மூன்று வருடம் ஆகிறது. விசாவுக்காக ஹெல்த் சர்சார்ஜ், அதாவது மருத்துவ சேவைக்கான கட்டணம், பெரியவருக்கு வருடம் 1,035 பவுண்டு, குழந்தைக்கு 776. அதை முன்பணமாக மொத்த வருடங்களுக்கும் கட்ட வேண்டும். அதற்கு மேல் சம்பளத்தில் வரியும் இன்சூரன்ஸும் எல்லோரையும் போலவே. ஆனால் விசாவில் பொதுநிதி உதவி கிடையாது என்று போட்டிருப்பதால் சைல்ட் பெனிஃபிட்கூட நாங்கள் கேட்க முடியாது. இப்போது நிரந்தர வதிவிடத்துக்கு 5 வருடம் என்பதை 10 ஆக்க ஆலோசனை நடக்கிறது. கட்டுவதற்கு நாங்கள் பின்வாங்கவில்லை. எத்தனை வருடம் என்பதையாவது நடுவில் மாற்றாமல் இருக்கலாம்.

மகேஸ்வரி மாமி, 09:10
[குரல் செய்தி, சுகந்தி எழுத்தில் போட்டது] பிள்ளைகள், எல்லாம் வாசித்தேன். எனக்கும் அந்தப் பெட்டியைத் தந்தவர்கள். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று லைட் வரும். சிவப்பு வந்தால் எனக்கு நெஞ்சு படபடக்கிறது. அதனால் துவாயால் மூடி வைத்திருக்கிறேன். நீங்கள் யோசிக்க வேண்டாம். நான் ஒரு ஆள்தானே, எனக்கு என்ன செலவு.

சுகந்தி, 09:14
மாமி, ஹீற்றர் போடுகிறீர்களா?

மகேஸ்வரி மாமி, 09:22
[குரல் செய்தி] பின்னேரம் ஆறு மணிக்கு ஒரு மணித்தியாலம் போடுவேன் பிள்ளை. மற்ற நேரம் மாமாவுடைய ஓவர்கோட் இருக்கிறது. கைக்கு மேலாகத் தொங்கும், அதனால் விரல்களும் சூடாக இருக்கும். இரவில் சுடுதண்ணீர்ப் பை. மேல் மாடிக்கு நான் போவதில்லை, முன் அறையில்தான் படுக்கிறேன்.

தர்சினி, 09:31
மாமி, நான் தூங்கப் போகிறேன், ஆனால் இதைச் சொல்லாமல் தூங்க மாட்டேன். வயது போனவர்கள் இருக்கும் அறை 18 பாகைக்குக் குறையக்கூடாது என்றுதான் இங்கே சுகாதார ஆலோசனை. எங்கள் ஹோமில் அறைக்கு அறை வெப்பமானி வைத்துப் பார்ப்போம். குளிரில் இரத்த அழுத்தம் ஏறும், நெஞ்சுச் சளி இறங்காது. ஒரு மணித்தியாலம் போதாது மாமி.

ரவி அண்ணை, 09:40
மாமி, நேரே கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். வருமானம் குறைந்த முதியவர்களுக்கு அரசாங்கம் தரும் பென்சன் கிரெடிட் எடுக்கிறீர்களா?

மகேஸ்வரி மாமி, 09:47
[குரல் செய்தி] இல்லைத் தம்பி. வீடு சொந்தமாக இருந்தால் தர மாட்டார்கள் என்று கோயிலில் சொன்னார்கள். அதோடு, நான் இதுவரைக்கும் ஒருவரிடமும் கையேந்தியது இல்லை. மாமா இருந்தபோதும் அப்படித்தான்.

ரவி அண்ணை, 09:58
கோயிலில் சொன்னது பிழை, மாமி. நீங்கள் குடியிருக்கும் வீட்டை அவர்கள் கணக்கில் எடுப்பதே இல்லை. தனி ஆளுக்கு வாரம் 227.10 பவுணுக்குக் கீழே வருமானம் இருந்தால் குறைகிற காசை அரசாங்கம் நிரப்ப வேண்டும். சேமிப்பு 10,000 வரை இருந்தாலும் பரவாயில்லை. உங்கள் பென்சன் எவ்வளவு?

மகேஸ்வரி மாமி, 10:05
[குரல் செய்தி] 150 சொச்சம். என்னுடைய தாலிக்கொடியைச் சொத்து என்று எழுதச் சொல்வார்களா?

சுகந்தி, 10:08
இல்லை மாமி. உங்கள் நகையை யாரும் கேட்க மாட்டார்கள்.

சுகந்தி, 10:15
மாமி, இது பிச்சை இல்லை. நீங்கள் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்து வரி கட்டினீர்கள். மாமா சாகும் வருடம் வரைக்கும் கட்டினார். வாரம் 75 பவுண் உங்களுக்குச் சேர வேண்டியது, ஒவ்வொரு வாரமும் போய்க்கொண்டே இருக்கிறது. போன குளிர்காலத்தில் குளிர்கால எரிபொருள் காசை பென்சன் கிரெடிட் எடுப்பவர்களுக்கு மட்டும் என்று வெட்டினார்களே, அப்போது உங்கள் 200 பவுணும் போனது. இந்த வருடம் 35,000-க்குக் கீழே வருமானம் உள்ளவர்களுக்குத் திருப்பித் தருகிறார்கள். போன வருடத்து 200-ஐ யார் தருவார்கள்? அன்றைக்கே இதைக் கேட்டிருந்தால் அது போயிருக்காது. பக்கத்து வீட்டில் இருந்தும் நான் கேட்கவில்லை, அதுதான் எனக்குக் கவலை.

கார்த்திக், 10:26
அம்மா, நான் உங்கள் பிள்ளை மாதிரி சொல்கிறேன். எங்களுக்குக் கேட்கவே உரிமை இல்லை. உங்களுக்கு இருக்கிறது. தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

மகேஸ்வரி மாமி, 10:44
[குரல் செய்தி] சரி பிள்ளைகள். சுகந்தி, பின்னேரம் வா. எனக்கு அந்த இங்கிலிஷ் வேகமாகக் கதைத்தால் விளங்காது. மகனுக்கு மட்டும் சொல்ல வேண்டாம், அவனுக்கே அங்கே மோர்ட்கேஜ் கூடிப்போய் இருக்கிறது.

சுகந்தி, 10:46
இரண்டு மணிக்கு வருகிறேன் மாமி. இன்சூரன்ஸ் நம்பர் உள்ள கடிதம், வங்கிக் கடிதம், கவுன்சில் வரிக் கடிதம் மூன்றையும் மேசையில் எடுத்து வையுங்கள்.

சுகந்தி, 16:52
எல்லோருக்கும் அறிவிக்கிறேன், விண்ணப்பம் போட்டாகிவிட்டது. போனில் 50 நிமிடம் இசை கேட்டுக்கொண்டு காத்திருந்தோம். மாமி இடைக்கிடை 'வைத்துவிடு பிள்ளை, உன்னுடைய நேரம் போகிறது' என்றார். கடைசியில் எடுத்த பெண் பொறுமையான ஆள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டோம், லைனில் சேர்த்தார். மொழிபெயர்ப்பாளர் 'அம்மா, வணக்கம்' என்று சொன்னதும் மாமியின் தோள் இறங்கியதை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு எல்லாக் கேள்விக்கும் மாமியே பதில் சொன்னார்.

சுகந்தி, 16:58
கிடைத்தால் மூன்று மாதம் பின்னோக்கியும் தருவார்கள். கவுன்சில் வரியில் இப்போது தனி ஆள் என்று 25 வீதம்தான் கழிக்கிறார்கள், இது வந்தால் அதையும் குறைக்கக் கேட்கலாம். பென்சன் கிரெடிட் கிடைத்தால், 75 வயதுக்கு மேல் என்பதால் ரீவி லைசன்ஸ் 174.50 பவுணும் கட்டத் தேவையில்லை.

ரவி அண்ணை, 17:03
மிச்சம் நல்லது. கரண்ட் பில்லில் கழிக்கும் அந்த வார்ம் ஹோம் கழிவு 150 பவுண்?

சுகந்தி, 17:07
அது இந்த வருடம் இல்லை அண்ணை. ஆகஸ்ட் 24 அன்று பென்சன் கிரெடிட் போன்ற உதவியில் இருந்திருக்க வேண்டும். மூன்று மாதம் பின்னோக்கிப் போனால் ஆகஸ்ட் 27. மூன்று நாள். போன கிழமை நான் இந்தப் படத்தைப் போட்டிருந்தால் ஒருவேளை அதுவும் வந்திருக்கும்.

தர்சினி, 17:20
எழும்பிவிட்டேன். மூன்று நாளுக்காக 150 பவுணா? இந்தத் திகதி எல்லாம் ஒரு கிழவிக்கு எப்படித் தெரியும்? மாமியின் வயது, பென்சன், முகவரி எல்லாம் அவர்களிடமே இருக்கிறது. வரி எடுப்பதற்கு நான் விண்ணப்பம் போடவில்லை, அது சம்பளத்தில் தானாகப் போகிறது. கொடுப்பதற்கு மட்டும் ஏன் 78 வயது ஆளை 50 நிமிடம் காத்திருக்க வைக்கிறார்கள்?

ரவி அண்ணை, 17:31
இதையே எம்.பி.க்கு எழுதுவோம். ஸ்டாண்டிங் சார்ஜையும் சேர்த்து எழுதுவோம். ஏப்ரலில் இருந்து சராசரி பில்லில் 150 பவுண் குறையும் என்று நேற்றுச் சொன்னார்கள். குளிர் இப்போதுதானே. கார்த்திக், நீங்களும் கையெழுத்துப் போடலாம். காமன்வெல்த் நாட்டுக் குடிமக்களுக்கு இங்கே வாக்குரிமை இருக்கிறது.

கார்த்திக், 17:36
பதிவு செய்திருக்கிறேன் அண்ணா. கடிதத்தை நான் தட்டச்சு செய்து தருகிறேன். தர்சினி, உங்கள் பேப்பர்க் கணக்கைப் படம் எடுத்து அனுப்புங்கள்.

ரவி அண்ணை, 18:10
மாமிக்கு கோதுமை மா 5 கிலோவும் கொஞ்சம் மரக்கறியும் தம்பியிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். கணக்கு எழுதி வைத்திருக்கிறேன் மாமி, காசு வந்த பிறகு தாருங்கள். இது கடன்தான், வேறு ஒன்றும் இல்லை.

மகேஸ்வரி மாமி, 19:25
[குரல் செய்தி] கிடைத்தது தம்பி, நன்றி. சுகந்தி, நீ போட்டுவிட்டுப் போன ஹீற்றர் இன்னும் ஓடுகிறது. அறை சூடாகத்தான் இருக்கிறது, கோட்டைக் கழற்றிவிட்டேன். ஆனால் துவாயை எடுத்துப் பார்த்தேன் பிள்ளை, பெட்டியில் சிவப்பு லைட் எரிகிறது. நிற்பாட்டட்டா?

சுகந்தி, 19:26
நிற்பாட்ட வேண்டாம் மாமி. துவாயை மூடுங்கள், நான் வருகிறேன்.