சொந்தப் பாட்டுக்குச் சொந்தச் சத்தம் எப்படி வந்தது? திருகோணமலைக்காரர் அனுபவம் சொல்லுங்கள்

வணக்கம் உறவுகளே. திருகோணமலையில் இசைக்குழு வைத்துச் சொந்தப் பாட்டுப் பாடுகிறவர்கள், பாடிப் பார்த்தவர்கள் எல்லோரும் எழுதுங்கள். எங்கள் கதையோடு தொடங்குகிறேன்.

நாங்கள் நான்கு பேர். 2019-இல் உயர்தரம் எழுதிய கையோடு சேர்ந்தோம். லிங்கநகரில் மாமா வீட்டுப் பின்னறைதான் ஒத்திகை இடம். கலியாண வீடு, பிறந்தநாள், கோவில் திருவிழா என்று கூப்பிட்ட இடமெல்லாம் சினிமாப் பாட்டு வாசித்தோம். அதைக் குறையாகச் சொல்லவில்லை, கை பழகியது அங்கேதான். ஆனால் சொந்தமாக ஒரு மெட்டுப் போட உட்கார்ந்தால் எங்கேயோ கேட்ட பாட்டாகவே வந்து நின்றது. கீபோட்டில் இருக்கிற ரிதத்தில் ஒன்றை அமுக்கிவிட்டால், பாதிப் பாட்டை அதுவே முடிவு செய்துவிடும்.

அப்புறம் 2022 வந்தது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டு. பெற்றோலும் இல்லை. கீபோட், அம்பிளிபையர், பேஸ் எல்லாம் மூலைக்குப் போயின. மிஞ்சியது கரண்ட் தேவைப்படாத ஒரு பொக்ஸ் கிற்றார். அதைத் தூக்கிக்கொண்டு சைக்கிளில் நிலாவெளிக் கரைக்குப் போகத் தொடங்கினோம். ட்ரம்ஸ் வாசிக்கிற தம்பி அங்கே கிடந்த ஒரு பிளாஸ்டிக் மீன்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டினான். முதலில் காது கிழிகிற மாதிரிச் சத்தம். உள்ளே ஈரத் துவாயை மடித்து வைத்த பிறகு, நடுவில் அடித்தால் ‘தும்’, ஓரத்தில் அடித்தால் ‘டக்’ என்று இரண்டு சத்தம் வடிவாகப் பிரிந்து வந்தது.

ஒருநாள் காலை மீனவர்கள் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் வரிசையாக ஆட்கள். ஒருவர் அம்பா என்கிற வலையிழுப்புப் பாட்டை எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் ‘ஏலேலோ’ என்று வாங்கிப் பாடினார்கள். நாங்களும் கயிற்றைப் பிடித்தோம். எனக்குப் பக்கத்தில் நின்ற ஐயா சொன்னார்: ‘தம்பி, இழுக்கிற இடத்தில மூச்சை விடுங்கோ.’ அவர் சொன்னபடி செய்தபோதுதான் அந்தப் பாட்டு என் உடம்புக்குள் இறங்கியது. வலை பாரமாக இருக்கும்போது பாட்டு இழுபட்டுப் போகிறது. மீன் சேர்கிற வலையின் மடி கரைக்கு நெருங்க நெருங்க வேகம் தானாகக் கூடுகிறது. யாரும் எண்ணிக் கணக்குப் பார்ப்பதில்லை.

எங்கள் முதல் சொந்தப் பாட்டு அப்படித்தான் பிறந்தது. ஒருவர் பாட மூவர் வாங்குவோம். பிறகு கரண்ட் ஒழுங்காக வந்தபோதும், பேஸ் கிற்றார் கயிறு இழுக்கிற இடத்தில் மட்டுமே விழும், மற்ற நேரம் சும்மா இருக்கும். மெதுவாகத் தொடங்கி வேகமாக முடியும். காதில் கிளிக் (ஒரே வேகத்தில் தாளம் காட்டும் சத்தம்) போட்டுப் பதிவு செய்தோம், பாட்டு செத்துப்போனது. கிளிக்கைத் தூக்கிவிட்டு, ஒரே அறையில் ஒரே போனை நடுவில் வைத்து எல்லோரும் சேர்ந்து வாசித்தோம். பாடுகிறவர் போனுக்குக் கிட்ட, கிற்றார் இரண்டு அடி தள்ளி, மீன்பெட்டி கதவோரம். சத்தத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டுமென்றால் ஆளைத்தான் நகர்த்துவோம். இன்றைக்கும் எனக்கு மிகப் பிடித்த பதிவு அதுதான்.

பாலையூற்றிலிருந்து ஒரு பதில்

அண்ணா, வாசித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நாங்கள் போர்த்துக்கீசர் வழிவந்த பறங்கியர் குடும்பம். கலியாண வீடு என்றால் எங்கள் வீடுகளில் கஃப்ரிஞ்ஞா என்கிற ஆட்டமும் இசையும் இல்லாமல் முடியாது. போர்த்துக்கீசர் இங்குள்ள கோட்டையை ஒல்லாந்தரிடம் இழந்தது 1639-இல். அந்த மொழியும் தாளமும் இன்னும் எங்கள் பெரியவர்களிடம் இருக்கின்றன.

நானும் நண்பர்களும் குழு தொடங்கியபோது தாத்தாவின் வயலினைச் சேர்க்க ஆசைப்பட்டோம். ஒரு மாதம் சரிவரவில்லை. ஆறு அடித் தாளம்தான், ஆனால் ட்ரம்மர் அதை மூன்று மூன்றாகப் பிரித்து வாசிக்க, தாத்தாவின் வில் இரண்டு இரண்டாக அழுத்திக்கொண்டு போனது. தாத்தா தாளம் விடுகிறார் என்றுதான் நினைத்தோம். ஒருநாள் அவர் வயலினை வைத்துவிட்டு, ஒரு கையால் மேசையில் இரண்டு தட்டும்போதே மறு கையால் மூன்று தட்டிக் காட்டினார். இரண்டும் ஒன்றாக ஓடவேண்டும், அதுதான் ஆட்டத்துக்குக் காலைத் தூக்கிவிடுகிறது. அதன் பிறகு ட்ரம்மரை மூன்றிலேயே விட்டு, கிற்றாரை வயலினோடு இரண்டில் போட்டோம். எங்கள் பாட்டுகளைக் கேட்டவர்கள் ‘பைலா மாதிரி, ஆனால் பைலா இல்லை’ என்று சொல்வது இதனால்தான்.

உவர்மலையிலிருந்து

நான் பாடுகிறவள். எனக்கு நடந்தது வேறு. சொந்தப் பாட்டு எழுதியும் வாயில் சினிமாத் தமிழ்தான் வந்தது. ‘வந்துட்டேன்’ என்று பாடுவேன். அதில் கடைசி ‘டே’யை எவ்வளவு நேரமும் நீட்டலாம், மெட்டும் அதற்கேற்ற மாதிரி நீளும். அம்மா கேட்டுவிட்டு, ‘நீ வீட்டில இப்படியா கதைக்கிறாய்?’ என்றார். சரி என்று ‘வந்திட்டன்’ என்று மாற்றினேன். அது சட்டென்று முடிகிற சொல், நீட்டினால் பொய்யாகக் கேட்கும். அதனால் வரி முடிகிற இடமெல்லாம் வெட்டுப்பட்டு வெறுமை விழுந்தது. அந்த வெறுமையில்தான் எங்கள் பேஸ் வாசிக்கிறவர் சின்னச் சின்னத் துண்டுகள் போடத் தொடங்கினார். இப்போது எங்கள் குழுவைத் தெரிந்தவர்கள் முதலில் சொல்வதே அந்த பேஸைத்தான்.

1970-களில் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் போன்றவர்கள் பொப் பாடியபோதே இங்கத்தைப் பேச்சு பாட்டுக்குள் வந்துவிட்டது. நாங்கள்தான் இடையில் விட்டுவிட்டோம் என்று நினைக்கிறேன், அதில் எனக்குக் கவலை உண்டு.

அண்ணாவிடம் ஒரு கேள்வி. உப்புவெளிப் பக்கம் சுற்றுலா சீசனில் வாசிக்கிறீர்களா? அங்கே சொந்தப் பாட்டுக்கு இடம் தருகிறார்களா?

தொடங்கியவரின் பதில்

தங்கச்சி, வாசிக்கிறோம். மே முதல் செப்ரெம்பர் வரை அங்கேதான் கொஞ்சம் காசு பார்க்கலாம். ஒரு விடுதியில் முதல் நாளே சொந்தப் பாட்டு வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள், மனம் நொந்துதான் வந்தோம். இப்போது கேட்டுவிட்டே ஒத்துக்கொள்கிறோம்: மூன்று தெரிந்த பாட்டு, ஒன்று எங்களுடையது. ஐப்பசியில் மழை தொடங்கினால் விடுதி வேலை குறையும், புதுப் பாட்டு அமைக்கிறது அந்த மாதங்களில்தான். கடற்கரையில் வாசித்துவிட்டு வந்தால் கம்பிகளைத் துணியால் துடைக்காமல் கிற்றாரை மூடாதீர்கள், உப்புக் காற்று சீக்கிரமே துருப்பிடிக்க வைத்துவிடும்.

பாலையூற்றுத் தம்பி, தாத்தாவுக்குச் சம்மதமென்றால் அவரையும் கூட்டிக்கொண்டு சனிக்கிழமை பின்னேரம் லிங்கநகருக்கு வாருங்கள். இரண்டையும் மூன்றையும் சேர்த்துத் தட்ட இரண்டு நாளாகப் பார்க்கிறேன், இடது கை இன்னும் வலது கையின் பின்னாலேயே போகிறது. வயலின் எந்தச் சுருதியில் நிற்கிறது என்று மட்டும் முன்கூட்டியே சொல்லுங்கள், கிற்றார்களை அதற்கு இறக்கி வைக்கிறோம்.