'ஃபிளாக்ஸ் ஆஃப் அவர் ஃபாதர்ஸ்' திரையிடும் முன் சில சந்தேகங்கள்

இரவுக்காட்சி கேட்கிறார்:

வணக்கம் நண்பர்களே. கிளின்ட் ஈஸ்ட்வுட் இயக்கி 2006-ல் வந்த 'ஃபிளாக்ஸ் ஆஃப் அவர் ஃபாதர்ஸ்' படத்தைத் திரைப்படக் குழுவில் போடப்போகிறோம். படம் முடிந்ததும் கலந்துரையாடல் உண்டு. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானின் ஐவோ ஜிமா தீவில் அமெரிக்க வீரர்கள் கொடி நட்ட புகழ்பெற்ற புகைப்படம், அதில் இருந்ததாகச் சொல்லப்பட்ட மூன்று பேரை ஊர் ஊராகக் கூட்டிப்போய்ப் போர்ப் பத்திரம் (போர்ச் செலவுக்கு மக்களிடம் அரசு கடன் வாங்கும் பத்திரம்) விற்றது, இந்த அளவுக்குக் கதை தெரியும். தெளிவாகாத விஷயங்கள் சில இருக்கின்றன.

காலம் முன்னும் பின்னும் தாவுகிறதே, முதல் முறை பார்ப்பவர்களுக்கு எதைச் சொல்லிவைத்தால் குழப்பம் குறையும்? கொடியை ஏன் இரண்டு முறை ஏற்றினார்கள்? படத்தின் மூன்று நாயகர்களில் இரண்டு பேர் அந்தப் புகைப்படத்திலேயே இல்லை என்று பிற்பாடு அறிவித்தார்களாமே, அப்படியானால் 'உண்மைக் கதை' என்று அறிமுகப்படுத்துவது சரியா? போர்க்காட்சிகள் சாம்பல் பூத்தாற்போல் இருக்கின்றன. புரொஜெக்டரில் ஏதாவது மாற்ற வேண்டுமா?

படச்சுருள்:

குழப்பத்துக்கு முதல் காரணம் காலத் தாவல் இல்லை, ஹெல்மெட். அதை மாட்டி முகத்தில் மண்ணும் அப்பிவிட்டால் இருபது வயதுப் பையன்கள் அத்தனை பேரும் ஒரே சாடையாகிவிடுவார்கள். ஆகவே படம் தொடங்குமுன் அந்தப் புகைப்படத்தைத் திரையில் ஒரு நிமிடம் நிறுத்தி, ஆறு பெயர்களையும் ஒருமுறை வாசித்துவிடுங்கள். திரைப்படம் எடுக்கப்பட்ட காலத்துப் பட்டியல் இது: மைக் ஸ்ட்ராங்க், ஹார்லன் பிளாக், ஃபிராங்க்ளின் சௌஸ்லி, ரெனே கேக்னன், ஐரா ஹேஸ், ஜான் பிராட்லி. முதல் மூவரும் அந்தத் தீவிலேயே இறந்தார்கள். மற்ற மூவர்தான் பத்திரம் விற்கப் போகிறார்கள்.

ஆட்களை முகத்தை வைத்துத் தேடாமல் வேலையை வைத்துப் பிடிப்பது சுலபம். பிராட்லி மரைன் (கடலிலிருந்து தரையிறங்கிச் சண்டையிடும் அமெரிக்கப் படை) வீரர் இல்லை, கடற்படை மருத்துவ உதவியாளர். இரண்டு பக்கமும் மருந்துப் பை தொங்கும், எல்லோரும் அவரை 'டாக்' என்பார்கள். கேக்னன் செய்தி கொண்டுபோகிறவர். இரண்டாவது கொடியை மலைமேல் கொண்டுபோனது அவர்தான். ஹேஸ் அரிசோனாவின் பீமா பழங்குடியைச் சேர்ந்தவர். ஸ்ட்ராங்க் சார்ஜென்ட், பையன்கள் ஆலோசனைக்கு ஓடுவது அவரிடம். ஏழாவதாக ஹாங்க் ஹேன்சன் என்ற பெயரையும் சொல்லிவையுங்கள், பிளாக்கின் இடத்தில் முதலில் தவறாகச் சொல்லப்பட்டவர் அவர். படத்தின் பாதி வலி அந்தப் பெயரைச் சுற்றித்தான் இருக்கிறது.

காலம் மூன்று அடுக்கு. 1945 பிப்ரவரி–மார்ச் தீவுக்காட்சிகள், அதே ஆண்டு அமெரிக்காவில் நடக்கும் பத்திரச் சுற்றுப்பயணம், பல ஆண்டு கழித்து பிராட்லியின் மகன் முதியவர்களிடம் பேட்டி எடுப்பது. தீவில் நிறமே இருக்காது, கருமணலும் பச்சை கலந்த சாம்பலும்தான். சுற்றுப்பயணத்தில் நிறம் ஏறும். ஒரு பட்டாசுச் சத்தமோ கேமரா பல்பின் வெளிச்சமோ வந்தால் அடுத்த நொடி தீவுக்குப் போகப்போகிறோம் என்று எதிர்பார்க்கலாம்.

இன்னொன்றையும் அவசியம் சொல்லுங்கள். கொடி ஏறியது சண்டையின் ஐந்தாம் நாள். தரையிறங்கியது பிப்ரவரி 19, கொடி பிப்ரவரி 23, சண்டை ஓய்ந்தது மார்ச் 26. கொடி என்றால் வெற்றி என்று நினைத்துப் பார்க்கிறவருக்கு அதற்குப் பிறகு வரும் சாவுகள் ஏனென்றே புரியாது. ஸ்ட்ராங்கும் பிளாக்கும் மார்ச் 1-ல், சௌஸ்லி மார்ச் 21-ல்.

வெள்ளிஉப்பு:

இரண்டு கொடி விஷயத்துக்கு வருகிறேன்.

கொடி ஏறிய சூரிபாச்சி மலை 169 மீட்டர்தான், ஆனால் தீவின் எந்த மூலையிலிருந்தும் தெரியும். 23-ம் தேதி காலை லெப்டினன்ட் ஷ்ரையர் தலைமையில் நாற்பது பேர் ஏறி முதல் கொடியை நட்டார்கள். அகலம் 54 அங்குலம், உயரம் 28. மேலே கிடந்த ஜப்பானியத் தண்ணீர்க் குழாய்தான் கம்பம். இதைப் படமெடுத்தவர் மரைன்களின் பத்திரிகையான 'லெதர்நெக்'கின் லூ லோவரி. கீழேயும் கப்பல்களிலும் இருந்தவர்கள் கூச்சலிட்டு ஆர்ப்பரித்தது இந்தச் சின்னக் கொடியைப் பார்த்துத்தான்.

அந்தக் கொடி தங்கள் படைப்பிரிவிடமே இருக்கவேண்டும் என்று பட்டாலியன் தளபதி ஜான்சன் நினைத்தார். தரையிறங்கு கப்பல் ஒன்றிலிருந்து 96-க்கு 56 அங்குலத்தில் பெரிய கொடி ஒன்று கிடைத்தது. ஸ்ட்ராங்க், பிளாக், ஹேஸ், சௌஸ்லி நால்வரும் டெலிபோன் கம்பி இழுத்துக்கொண்டு மேலே போனவர்கள். கேக்னன் கொடியோடு வந்து சேர்ந்தார். பழையதை இறக்குவதும் புதியதை ஏற்றுவதும் ஒரே நேரத்தில் நடந்தன.

அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் புகைப்படக்காரர் ஜோ ரோசந்தால் மேலே வந்தது அப்போதுதான். ஆள் குள்ளம். கல்லையும் மணல்மூட்டையையும் அடுக்கி அதன்மேல் ஏறி நின்றார். ஸ்பீட் கிராஃபிக் கேமரா, ஷட்டர் நொடியில் 400-ல் ஒரு பங்கு, அப்பெர்ச்சர் 8-க்கும் 11-க்கும் நடுவில். பக்கத்தில் நின்ற பில் ஜெனாஸ்ட் 16 மி.மீ. வண்ணச்சுருளில் அதே காட்சியை ஓடும் படமாக எடுத்தார். கம்பம் எழுவதைக் கடைக்கண்ணால் பார்த்த ரோசந்தால் வியூஃபைண்டரில் சரிபார்க்காமலே அழுத்திவிட்டார். அந்த நெகட்டிவ் படுக்கைவாட்டில் இருந்தது. இரண்டு பக்கமும் வெட்டி நெட்டுவாட்டில் ஆக்கியபிறகுதான் நமக்குத் தெரிந்த அந்தக் கோபுர வடிவம் வந்தது.

ஆட்களின் பெயரை அவர் எழுதிக்கொள்ளவில்லை. பிறகு நடந்த எல்லாக் குளறுபடிக்கும் வேர் இது ஒன்றுதான். படச்சுருள் குவாம் தீவுக்குப் போய், கழுவப்பட்டு, ரேடியோ வழியாக அமெரிக்கா சேர்ந்து, 25-ம் தேதி ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளில் வந்துவிட்டது. ஆறு பேரில் ஒருவரின் முகமும் படத்தில் சரியாகத் தெரியாது. ஆட்களைக் கண்டுபிடித்து அனுப்பு என்று உத்தரவு வந்தபோது கேக்னன் சொன்ன பட்டியலை வைத்துத்தான் பெயர் எழுதினார்கள்.

'செட்டப்' செய்து எடுத்தது என்று கூட்டத்தில் யாராவது கட்டாயம் சொல்வார்கள். அந்த வதந்தி பிறந்த விதம் இது: கொடி ஏறியபிறகு எல்லோரையும் கம்பத்தடியில் நிற்கவைத்து ரோசந்தால் ஒரு குழுப்படம் எடுத்தார். குவாமில் ஒருவர் "போஸ் கொடுக்கவைத்து எடுத்ததா?" என்று கேட்க, அந்தக் குழுப்படத்தைத்தான் கேட்கிறார் என்று நினைத்து ஆமாம் என்றார். ஜெனாஸ்டின் ஓடும்படம் இருப்பதால் இதில் விவாதத்துக்கே இடமில்லை, சில நொடிகளில் எல்லாம் முடிந்துவிடுகிறது. அதைக் கூட்டத்துக்குப் போட்டுக் காட்டுங்கள். ஜெனாஸ்ட் மார்ச் 4-ல் அதே தீவில் ஒரு குகைக்குள் கொல்லப்பட்டார்.

இரவுக்காட்சி:

மிக்க நன்றி. பெயர்கள் எப்படி மாறின என்பதையும் சொல்லிவிட்டால் நல்லது. எந்த உருவம் யார் என்று புகைப்படத்தில் விரல் வைத்துக் காட்டுமளவுக்கு வேண்டும்.

பழையதாள்:

இப்போது மரைன் படை ஏற்றுக்கொண்ட வரிசையை வலமிருந்து இடமாகத் தருகிறேன். கம்பத்தின் அடியில் குனிந்து முட்டுக்கொடுப்பவர் பிளாக். அவருக்கு அப்பால், கம்பத்தின் மறுபக்கம் மறைந்திருப்பவர் ஹெரால்ட் கெல்லர். அடுத்து முழு உடலும் தெரிபவர் சௌஸ்லி, அவருக்குப் பின்னால் மறைந்தவர் ஸ்ட்ராங்க். பிறகு ஹெரால்ட் ஷுல்ட்ஸ். கடைசியில் இடது ஓரத்தில், கம்பம் கைக்கு எட்டாமல் இரண்டு கையையும் நீட்டியபடி ஹேஸ்.

திருத்தம் மூன்று முறை நடந்தது. முதலில் பிளாக்கின் இடத்தில் ஹேன்சனின் பெயர் இருந்தது. ஹேஸ் ஆரம்பத்திலேயே தவறு என்று சொன்னார், பட்டியல் வெளியாகிவிட்டது, வாயை மூடு என்று அவரை அடக்கிவிட்டார்கள். பத்திரிகையில் முதுகு மட்டும் தெரிந்த அந்த உருவத்தைப் பார்த்தே பிளாக்கின் தாய் தன் மகன் என்று சொன்னார், யாரும் நம்பவில்லை. 1946-ல் ஹேஸ் டெக்சஸுக்கே போய் பிளாக்கின் தந்தையிடம் உண்மையைச் சொன்னார். 1947 ஜனவரியில் பெயர் மாற்றப்பட்டது. படம் காட்டுவது இந்தத் திருத்தத்தை மட்டும்தான்.

இரண்டாவது 2016 ஜூன். பிராட்லி என்று எழுபது ஆண்டாகச் சொல்லிவந்த உருவத்தைக் கூர்ந்து பாருங்கள். இடுப்பில் தோட்டா பெல்ட், அதில் கம்பி வெட்டும் கருவி. மருந்துப் பை சுமப்பவருக்கு இவை எதற்கு? அன்றைக்கு எடுத்த வேறு படங்களில் பிராட்லியின் கால்சட்டை நுனி மடித்துவிடப்பட்டிருக்கும். இந்த உருவத்தில் மடிப்பு இல்லை. ஹெல்மெட்டுக்குள் தொப்பியின் விளிம்பும் தெரிகிறது, பிராட்லி அப்படி அணிந்திருக்கவில்லை. இப்படிச் சாமான் சாமானாக ஒப்பிட்டுக் கண்டுபிடித்தவர்கள் தொழில்முறை வரலாற்றாசிரியர்கள் அல்லர், ஆர்வலர்கள். அந்த உருவம் சௌஸ்லி என்றும், சௌஸ்லி என்று நினைத்திருந்தவர் ஷுல்ட்ஸ் என்றும் முடிவானது.

மூன்றாவது 2019 அக்டோபர். கேக்னனின் இடத்தில் கெல்லர். ஜெனாஸ்டின் சுருளில் அந்த உருவத்தின் கைவிரலில் கல்யாண மோதிரம் தெரிந்தது துப்புகளில் ஒன்று. கேக்னனுக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை.

ஆக, நாடெங்கும் கூட்டிக்கொண்டு போன மூன்று பேரில் புகைப்படத்தில் இருப்பவர் ஹேஸ் ஒருவரே. ஷுல்ட்ஸ் லாஸ் ஏஞ்சலஸில் தபால் வேலை பார்த்து 1995-ல் இறந்தார். கெல்லர் 1979-ல். ஊர் உலகத்திடம் உரிமை கொண்டாடாமலே இரண்டு பேரும் போய்விட்டார்கள்.

பிராட்லியைப் பொய்யர் என்று யாரும் கிளம்பிவிடக்கூடாது. முதல் கொடியை ஏற்றியதில் அவருக்குப் பங்கு உண்டு. இரண்டு ஏற்றமும் சில மணி நேர இடைவெளியில் ஒரே இடத்தில் நடந்தவை, மனத்தில் ஒன்றாகக் கலந்திருக்கலாம் என்பதை அவர் மகனே 2016-ல் ஒப்புக்கொண்டார். அடிபட்டுக் கிடந்தவரைக் காப்பாற்றக் குண்டுகளுக்கு நடுவே ஓடியதற்காக அவருக்கு நேவி கிராஸ் பதக்கம் கிடைத்தது. படத்தில் வரும் அந்த ஓட்டத்துக்கும் புகைப்படத்துக்கும் சம்பந்தம் கிடையாது, அது அப்படியே நிற்கிறது.

'உண்மைக் கதையா' என்ற கேள்விக்கு என் பதில்: ஆட்களின் அடையாளத்தில் படம் காலாவதியாகிவிட்டது, பத்திரப் பிரச்சாரம் நடந்த விதத்தில் இல்லை. 25 டாலர் பத்திரத்தை 18.75 டாலருக்கு விற்றார்கள், பத்து ஆண்டு கழித்து முழுத்தொகை. 1945 மே 14 முதல் ஜூன் 30 வரை நடந்த ஏழாவது போர்க்கடன் திரட்டலின் இலக்கு 1,400 கோடி டாலர், சேர்ந்தது 2,630 கோடி. இதில் பெரும் நிறுவனங்கள் வாங்கியதும் அடக்கம், மூன்று பையன்களே விற்றுத் தீர்த்தார்கள் என்று சொல்லிவிடாதீர்கள். சிகாகோ சோல்ஜர் ஃபீல்டு மைதானத்தில் காகிதக்கூழ் மலைமேல் மூவரையும் ஏறவைத்துக் கொடி நடவைத்தது நிஜமாக நடந்ததுதான்.

கலந்துரையாடலுக்கு ஒரு காட்சி போதும். விருந்து மேசையில் கொடி நடும் வீரர்களின் வடிவத்திலேயே வெள்ளை இனிப்பு ஒன்று வரும். பரிமாறுபவர் அதன்மேல் சிவப்புச் சாற்றை ஊற்றுவார், சாறு உருவங்களின்மேல் வழியும், பிராட்லி வாய் திறக்காமல் பார்ப்பார். அந்த இடத்தில் நிறுத்திக் கேளுங்கள், மேசையைச் சுற்றி இருக்கும் எத்தனை பேருக்கு அது தெரிகிறது என்று.

வெண்திரை:

புரொஜெக்டர் பற்றி. அந்தச் சாம்பல் நிறம் வேண்டுமென்றே செய்தது. ஐஸ்லாந்தின் கருமணல் கடற்கரையில் எடுத்து, நிறத்தை மேலும் வடித்திருக்கிறார்கள். கலர் அளவை ஏற்றினால் மணல் ஊதாவாகவும் முகங்கள் செங்கலாகவும் மாறும், தொடாதீர்கள். சினிமா மோடில் வைத்து, மோஷன் ஸ்மூத்திங்கையும் டைனமிக் கான்ட்ராஸ்டையும் அணைத்துவிடுங்கள். அணைக்காவிட்டால் தரையிறங்கும் காட்சி டிவி நாடகம்போல் வழுக்கும், புகைக்குள் இருக்கும் ஆட்கள் ஒரு நொடி தெரிந்து மறுநொடி மறைவார்கள். இருட்டாகத் தெரிந்தால் காமாவை (கறுப்பைத் தொடாமல் நடு நிழல்களின் வெளிச்சத்தை மாற்றும் அமைப்பு) ஒரு படி மாற்றுங்கள், பிரைட்னஸை ஏற்றினால் கறுப்பு வெளுத்துப்போகும். அதைவிட முக்கியம் அறையின் இருட்டு. கதவிடுக்கில் வரும் வெளிச்சமே இந்தப் படத்தைக் கெடுத்துவிடும்.

சத்தத்தில் நைட் மோடு (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமமாக்கும் அமைப்பு) வேண்டாம். பேச்சு தாழ்வாகவும் பீரங்கி உச்சத்திலும் இருக்கிற படம் இது. நடு ஸ்பீக்கரை மட்டும் 2, 3 டெசிபல் ஏற்றினால் பேச்சு பிடிபடும்.

நேரம் 2 மணி 12 நிமிடம். இதன் ஜோடிப்படமான 'லெட்டர்ஸ் ஃப்ரம் ஐவோ ஜிமா' இன்னும் சற்று நீளம், இரண்டையும் ஒரே நாளில் போடாதீர்கள். இதை முதலில் போடுங்கள். இந்தப் படத்தில் ஜப்பானிய வீரர்களின் முகமே அநேகமாகத் தெரியாது, பாறையிடுக்கில் துப்பாக்கி முனை மட்டும்தான். சுமார் 18 கிலோமீட்டர் சுரங்கம் வெட்டி உள்ளே இருந்தவர்கள் அவர்கள். அடுத்த படம் அந்தச் சுரங்கத்துக்குள்ளிருந்து தொடங்கும்போதுதான் எதிரே இருந்தது யார் என்பது உறைக்கும்.

பெயர்ப்பட்டியல் ஓட ஆரம்பித்ததும் விளக்கைப் போட்டுவிடாதீர்கள். தீவில் எடுத்த நிஜப் புகைப்படங்கள் வருவது அங்கேதான்.