சி டிரைவில் 97 ஜிபி கணக்கில் வரவில்லை: எங்கே ஒளிந்திருக்கக்கூடும்?

ஏட்டுச்சுவடி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். முனைவர் பட்ட ஆய்வுக்காக நான் பயன்படுத்தும் மடிக்கணினியில் விண்டோஸ் 11 இருக்கிறது. 16 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. ஒரு மாதமாகவே சி டிரைவின் பட்டை சிவப்பாகத் தெரிகிறது. பழைய திரைப்படங்களை நீக்கினேன், ரீசைக்கிள் பின்னைக் காலி செய்தேன், டிஸ்க் கிளீனப்பையும் ஓடவிட்டேன். எல்லாம் சேர்ந்து 3 ஜிபிதான் தேறியது. இப்போது மொத்தம் 237 ஜிபியில் 9 ஜிபி மட்டுமே மீதம்.

இடம் போதவில்லை என்பதைவிடக் கணக்கு இடிப்பதுதான் என்னைக் குழப்புகிறது. சி டிரைவைத் திறந்து, கண்ணில் படும் ஒவ்வொரு கோப்புறையின்மீதும் வலச்சொடுக்கிட்டு அளவைக் குறித்துக்கொண்டேன். விண்டோஸ் 31, புரோகிராம் ஃபைல்ஸ் இரண்டும் சேர்ந்து 24, யூசர்ஸ் 76. ஆக 131 ஜிபி. ஆனால் 228 ஜிபி பயன்பாட்டில் இருப்பதாக டிரைவ் சொல்கிறது. மீதி 97 ஜிபி எங்கே போயிற்று? பழுதுபார்க்கும் கடையில் கேட்டதற்கு, வைரஸாக இருக்கும், ஃபார்மேட் செய்துவிடலாம் என்றார்கள். ஒரு காணொளியிலோ வின்எஸ்எக்ஸ்எஸ் என்னும் கோப்புறையை அழிக்கச் சொல்கிறார்கள். ஆய்வேட்டின் மூன்று இயல்கள் இந்தக் கணினியில் இருப்பதால் எதையும் தொடவே அச்சமாக இருக்கிறது. என் தம்பிக்கும் இதே கணினியில் தனிக் கணக்கு உண்டு. எப்போதாவது ஐபோனில் பாட்டு ஏற்றுவதற்குத் திறப்பானே தவிர, வேறு பயன்பாடு எதுவும் இல்லை.

தெருவிளக்கு எழுதியது:

256 ஜிபி என்று விற்றது 237 ஆகத் தெரிவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் அடுத்து வருபவர்கள் கேட்பார்கள் என்பதால் சொல்லிவைக்கிறேன். தயாரிப்பாளர்கள் 1 ஜிபியை 100 கோடி பைட்டாகக் கணக்கிடுகிறார்கள். விண்டோஸ் 107 கோடியே 37 லட்சம் பைட்டுக்குச் சற்று மேலாகக் கணக்கிடுகிறது. அதனால்தான் 256 என்பது 238 ஆகிறது. அதிலும் ஒரு சிறு பகுதி கணினியைத் தொடங்கவும் மீட்கவும் தேவையான பகிர்வுகளுக்குப் போய்விடுகிறது. இங்கே யாரும் உங்களை ஏமாற்றவில்லை.

97 ஜிபியைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒரே வழி 1 டிபி எஸ்எஸ்டி வாங்கி மாற்றுவதுதான்.

பழைய விசைப்பலகை எழுதியது:

சகோதரி, புதிய எஸ்எஸ்டி வாங்குவதற்கு முன் அந்த 97 ஜிபி யாருடையது என்று பார்த்துவிடுங்கள். ஃபார்மேட் வேண்டவே வேண்டாம்.

நீங்கள் கூட்டிய முறையில் மூன்று ஓட்டைகள் இருக்கின்றன. முதலாவது, சி டிரைவின் முதல் அடுக்கிலேயே மறைந்திருக்கும் கோப்புகள் உங்கள் கணக்கில் வரவில்லை. ஹைபர்ஃபில் என்னும் கோப்பு, கணினியை ஹைபர்னேட் நிலைக்கு அனுப்பும்போது ரேமில் உள்ளதை எழுதிவைப்பதற்காக விண்டோஸ் முன்கூட்டியே பிடித்துவைக்கும் இடம். வழக்கமாக ரேமின் அளவில் 40 விழுக்காடு, அதாவது உங்களுக்கு ஏறத்தாழ 6.4 ஜிபி. ரேம் போதாதபோது பயன்படும் பேஜ்ஃபைல் என்பதும் அதே இடத்தில்தான் இருக்கிறது. புரோகிராம்டேட்டா, சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன் ஆகிய இரண்டு கோப்புறைகளும் மறைந்தவையே. பின்னது, கணினியை முந்தைய நிலைக்குத் திருப்ப உதவும் ரெஸ்டோர் பாயின்ட்டுகள் சேரும் இடம் என்பதால், சத்தமில்லாமல் பத்துப் பன்னிரண்டு ஜிபி வரை வளர்ந்துவிடும்.

இரண்டாவது ஓட்டை எதிர்த்திசையில் இருக்கிறது. விண்டோஸ் கோப்புறை 31 ஜிபி என்பது மிகைக்கணக்கு. அதற்குள் இருக்கும், விண்டோஸின் உறுப்புக் கோப்புகளைச் சேர்த்துவைக்கும் வின்எஸ்எக்ஸ்எஸ்ஸில் உள்ள கோப்புகளில் பெரும்பகுதி ஹார்டு லிங்க் என்னும் முறையில் சிஸ்டம்32 போன்ற இடங்களிலும் தெரிகின்றன. வட்டில் இருப்பது ஒரே பிரதி. ஆனால் பெயர் தெரியும் இடத்திலெல்லாம் அதை ஒருமுறை எண்ணிவிடுகிறது எக்ஸ்ப்ளோரர். ஆகவே காணாமற்போனது 97ஐவிடக் கூடுதல் என்றே நினைக்கிறேன்.

மூன்றாவதுதான் முக்கியமானது. உங்கள் கணக்குக்குத் திறக்க உரிமை இல்லாத கோப்புறையின் அளவைக் கேட்டால், எக்ஸ்ப்ளோரர் மறுப்பும் சொல்லாது, எச்சரிக்கையும் தராது. பேசாமல் சுழியம் என்று எடுத்துக்கொண்டு கூட்டிவிடும். யூசர்ஸ் 76 ஜிபி என்பது உங்கள் பங்கு மட்டுமாக இருக்கலாம். தம்பியின் கோப்புறையை இருமுறை சொடுக்கினால் உரிமை இல்லை என்ற அறிவிப்போடு தொடரலாமா என்று ஒரு பொத்தான் வரும். அதை அழுத்தாதீர்கள், அழுத்தினால் அந்தக் கோப்புறையின் அனுமதிப் பட்டியலில் உங்கள் பெயர் நிலையாகச் சேர்ந்துவிடும்.

அதற்குப் பதிலாக எந்தக் கோப்புறை எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று காட்டும் விஸ்ட்ரீ என்ற மென்பொருளை நிறுவி, நிர்வாகி உரிமையோடு ஓட்டிப்பாருங்கள். கோப்புறை கோப்புறையாக நுழையாமல், என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் வட்டில் கோப்புகளை அடுக்கும் முறை) வட்டின் தலைமைக் கோப்பு அட்டவணையை நேரடியாகப் படிப்பதால், அது சில நொடிகளில் முடித்துவிடும்; அனுமதித் தடைகளும் அதன் குறுக்கே வருவதில்லை. அதே வேலையைச் செய்யும் வின்டிர்ஸ்டாட்டும் நல்லதுதான். எதுவானாலும் பட்டியலை மட்டும் பாருங்கள், அங்கிருந்து எதையும் அழிக்காதீர்கள். தம்பியின் கோப்புப் பெயர்களும் அதில் தெரியும். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஓட்டுவது நல்லது.

ஏட்டுச்சுவடி எழுதியது:

மிக்க நன்றி ஐயா. தம்பியிடம் சொல்லிவிட்டு விஸ்ட்ரீயை ஓட்டினேன். விண்டோஸ் உண்மையில் 24 ஜிபிதான். புரோகிராம் ஃபைல்ஸ் 24, என் கோப்புறை 76, புரோகிராம்டேட்டா 6, பேஜ்ஃபைல் 8, ஹைபர்ஃபில் 6.4, சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன் 12. தம்பியின் கோப்புறை 66 ஜிபி! அதில் 52 ஜிபி, மொபைல்சிங்க் என்பதற்குள் பேக்கப் என்ற இடத்தில் இரண்டு கோப்புறைகளாக இருக்கிறது. உள்ளே இருக்கும் கோப்புகளின் பெயர்கள் எல்லாம் எண்களும் எழுத்துகளும் கலந்த நீண்ட கோவைகளாக இருப்பதைப் பார்த்ததும், வைரஸ்தான் என்று ஒரு நிமிடம் பதறிப்போனேன். இவை என்ன? எல்லாவற்றையும் கூட்டினாலும் இன்னும் ஐந்தாறு ஜிபி குறைகிறதே?

உப்பங்கழி எழுதியது:

வைரஸ் இல்லை. ஐபோனைக் கணினியோடு இணைக்கும் ஆப்பிளின் ஐடியூன்ஸ் மென்பொருள் எடுத்துவைத்த ஐபோன் காப்புப் பிரதிகள் அவை. பாட்டு ஏற்றுவதற்காகத் தொலைபேசியை இணைக்கும்போதே, அமைப்பைப் பொறுத்து, முழுத் தொலைபேசியையும் அது படியெடுத்துவிடும். இரண்டு கோப்புறைகள் இருப்பதால், தம்பி இதற்குமுன் வேறொரு ஐபோன் வைத்திருந்தார் என்றே ஊகிக்கிறேன்.

இந்தக் கோப்புறைகளுக்குள் புகுந்து சிலவற்றை மட்டும் நீக்கினால் பிரதி முழுவதுமே பயனற்றுப் போகும். ஐடியூன்ஸின் பிரிஃபரன்சஸ் பகுதியில் டிவைசஸ் என்ற தாவலைத் திறந்தால், ஒவ்வொரு பிரதிக்கும் தொலைபேசியின் பெயரும் எடுத்த நாளும் தெரியும். தேவையற்றதைத் தம்பியே அங்கிருந்து நீக்கட்டும். பழைய தொலைபேசியின் படங்களும் குறுஞ்செய்திகளும் அந்தப் பிரதியில் மட்டுமே எஞ்சியிருக்க வாய்ப்பு உண்டு. என் வீட்டில் இப்படி நடந்து, தாத்தாவின் குரல் பதிவுகளை இழந்தோம். ஐயமிருந்தால் அந்தக் கோப்புறையை முழுமையாக வெளிவட்டுக்கு நகலெடுத்துவிட்டு, அதன்பின் நீக்கச் சொல்லுங்கள்.

பழைய விசைப்பலகை எழுதியது:

உப்பங்கழி சொன்னதே சரி. குறையும் அந்த ஐந்தாறு ஜிபி, பெரும்பாலும் ரிசர்வ்டு ஸ்டோரேஜ் என்பதாக இருக்கும். 2019ஆம் ஆண்டில் வந்த விண்டோஸ் 10இன் 1903 பதிப்பிலிருந்து, புதிதாக விண்டோஸ் நிறுவப்பட்ட கணினிகளில் புதுப்பிப்புகளுக்கென்று 7 ஜிபி அளவில் ஒதுக்கிவைக்கிறார்கள். செட்டிங்ஸில் சிஸ்டம், ஸ்டோரேஜ் வழியாகச் சென்றால் அது தெரியும். அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

ரெஸ்டோர் பாயின்ட்டுகளின் 12 ஜிபியைக் குறைக்கலாம். சிஸ்டம் புரொடெக்ஷன் சாளரத்தில் சி டிரைவைத் தேர்ந்து, கான்ஃபிகர் பொத்தானை அழுத்தினால் உச்ச வரம்பை நகர்த்தும் கோடு வரும். 5 ஜிபி அளவில் நிறுத்தினால் பழையவை தாமாகவே நீங்கும். சேவையை முற்றாக அணைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஹைபர்னேட்டை நீங்கள் பயன்படுத்துவதில்லை என்றால், கட்டளைச் சாளரத்தை நிர்வாகியாகத் திறந்து, பவர்சிஎஃப்ஜி என்று ஆங்கிலத்தில் தட்டி, ஓர் இடைவெளி, சாய்கோட்டோடு எச், மறுபடி ஓர் இடைவெளி, ஆஃப் என்று இட்டால் 6.4 ஜிபியும் திரும்பிவிடும். கணினி விரைவாகத் தொடங்கும் வசதியும் அதோடு போய்விடும். எஸ்எஸ்டியில் அந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. பேஜ்ஃபைலைத் தொடாதீர்கள்.

வின்எஸ்எக்ஸ்எஸ் பற்றிய காணொளியை மறந்துவிடுங்கள். அதைக் கையால் அழித்தால் கணினி தொடங்காமலே போகலாம். அதைக் குறைக்க வேண்டுமானால் டிஸ்க் கிளீனப்பில் சிஸ்டம் கோப்புகளைச் சுத்தம் செய்யும் பொத்தானை அழுத்தி, விண்டோஸ் அப்டேட் கிளீனப் என்ற வரியைத் தேர்ந்தால் போதும். அந்தப் பட்டியலில் டவுன்லோட்ஸ் கோப்புறையும் ஒரு வரியாக இருந்தால் அதில் குறியிட்டுவிடாதீர்கள். ஆய்வுக்கான பிடிஎஃப்கள் அங்கேதானே கிடக்கும்?

ஏட்டுச்சுவடி எழுதியது:

அங்கேதான் கிடக்கின்றன, 400க்கு மேல். குறியிடவில்லை.

உப்பங்கழி ஊகித்ததுபோலவே, முதல் பிரதி தம்பி விற்றுவிட்ட தொலைபேசியுடையது, 31 ஜிபி. அதை வெளிவட்டுக்கு நகலெடுத்துவிட்டு, அவனே தன் கணக்கிலிருந்து நீக்கினான். ரெஸ்டோர் பாயின்ட் வரம்பை 5 ஜிபியாகக் குறைத்து, ஹைபர்னேட்டையும் அணைத்துவிட்டேன். சிஸ்டம் கோப்புகளைச் சுத்தம் செய்ததில் மேலும் 2 ஜிபி கிடைத்தது. இப்போது 55 ஜிபி காலியாக இருக்கிறது. இரண்டாம் பிரதியின் 21 ஜிபியைத் தொட வேண்டாம் என்று தம்பி சொல்லிவிட்டான். அது அவன் இப்போது வைத்திருக்கும் தொலைபேசியுடையது.