நமக்கென மாற்றியமைத்த ஷாட்கன்: கொடுத்த பணத்துக்குத் தகுமா?

காவிரிக்கரையான் (கேட்டி, டெக்சஸ்)

வீட்டுப் பாதுகாப்புக்காக ஆர்டர் கொடுத்துச் செய்து வாங்கும் ஷாட்கன் (ஒரே தோட்டாவிலிருந்து பல சிறு குண்டுகளைச் சுடும் நீளத் துப்பாக்கி) அதன் விலைக்குத் தகுமா என்று இங்குள்ள தமிழ் நண்பர்கள் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அப்படியொன்றைச் சில ஆண்டுகளாக வைத்திருப்பவன் என்ற முறையில், செலவு எங்கே பலித்தது, எங்கே பலிக்கவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். மற்றவர்களும் தங்கள் அனுபவத்தை எழுத வேண்டுகிறேன்.

என்னுடையது ரெமிங்டன் 870, 12 கேஜ் (கேஜ் என்பது குழல் அகலத்தின் அளவு; எண் குறைந்தால் குழல் பெரிது). 1950-இல் அறிமுகமான இந்த பம்ப் ஆக்ஷன் (முன்கைப்பிடியைக் கையால் இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும்) துப்பாக்கியைக் காவல்துறைகள் நெடுங்காலம் பயன்படுத்தின. அவை கழித்துவிட்ட பழைய துப்பாக்கிகள் இரண்டாம் கைச் சந்தைக்கு வருகின்றன. ரோந்து வண்டியில் கிடந்து வெளியே கீறல் விழுந்திருந்தாலும், அதிகம் சுடப்படாததால் அவற்றின் உள்பாகங்கள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அப்படி ஒன்றை 350 டாலருக்கு வாங்கி, துப்பாக்கி பழுதுபார்த்து மாற்றியமைக்கும் கன்ஸ்மித் ஒருவரிடம் கொடுத்தேன். வேலை முடிந்து கைக்கு வந்தபோது மொத்தச் செலவு 2,000 டாலரை நெருங்கியிருந்தது. கடையில் மாவெரிக் 88 என்ற ஷாட்கன் சுமார் 250 டாலருக்குக் கிடைக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால், எட்டு மடங்கு விலைக்கு என்ன கிடைத்தது என்று கேட்பது நியாயமே.

செலவில் பெரும்பகுதியை விழுங்கியது குழல் வேலை. குழலின் உட்புறத்தைச் சற்று அகலப்படுத்துவார்கள்; தோட்டா அறையை அடுத்துக் குழல் குறுகும் கூம்புப் பகுதியை நீட்டுவார்கள்; வாய்ப்பக்கத்தில் சிறு துளைகள் இடுவார்கள். அரிசோனாவின் வாங் காம்ப் பட்டறை பெயர் பெற்றது இந்த வேலையால்தான். ஈயக் குண்டுகள் நசுங்காமல் வெளியேறினால் சிதறாமல் ஒன்றாகச் செல்லும் என்பதே இதன் அடிப்படை, அது உண்மையும்கூட. ஆனால் ஃபெடரல் நிறுவனத்தின் ஃப்ளைட்கண்ட்ரோல் போன்ற தோட்டாக்கள் வந்த பிறகு நிலைமை மாறிவிட்டது. அவற்றில் குண்டுகளைத் தாங்கும் பிளாஸ்டிக் கிண்ணம் குழலைவிட்டு வெளியேறிய பின்னும் சிறிது தூரம் குண்டுகளைப் பிரியவிடாமல் பிடித்துச் செல்கிறது. என் வீட்டில் படுக்கையறை வாசலிலிருந்து முன்கதவு வரை பத்து கஜம்கூட இல்லை. அதே தூரத்தில் சுடுதளத்தில் காகிதம் வைத்து, என் துப்பாக்கியையும் எந்த மாற்றமும் செய்யாத நண்பரின் துப்பாக்கியையும் ஒப்பிட்டேன். ஃப்ளைட்கண்ட்ரோலில் இரண்டும் ஒரு கைப்பிடி அகலத்துக்குள்ளேயே துளையிட்டன. முன்பு குழலில் செய்ய வேண்டியிருந்த வேலையை இப்போது தோட்டாவே செய்துவிடுகிறது. வீட்டுக்குள் பயன்படுத்துவதற்காக இன்று யாரும் குழல் வேலைக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. துருப்பிடிக்காத மேற்பூச்சும் அலமாரியில் இருக்கும் துப்பாக்கிக்கு அழகுக்கு மேல் எதையும் தருவதில்லை.

முழுமையாகப் பலித்த செலவு முன்கைப்பிடியில் பொருத்திய விளக்கு. இருட்டில் எதிரே நிற்பவர் யார் என்று தெரியாமல் துப்பாக்கியைத் தூக்குவதைவிடக் கொடிய நிலை வேறில்லை. 1992-இல் லூசியானாவின் பேட்டன் ரூஜில், ஹாலோவீன் விருந்துக்குப் போகும் வழியில் வேறொரு வீட்டு வாசலுக்குத் தவறிப் போய்விட்ட யோஷிஹிரோ ஹட்டோரி என்ற 16 வயது ஜப்பானிய மாணவரை அவ்வீட்டுக்காரர் சுட்டுக் கொன்றார். அங்கே தவறியது குறி அல்ல, வந்தவர் யார் என்ற கணிப்பு. ஒரு விளக்கால் எல்லா மனிதப் பிழையையும் தடுத்துவிட முடியாது என்றாலும், அது இல்லாத துப்பாக்கியை நான் படுக்கையறையில் வைக்கமாட்டேன். துப்பாக்கியின் விளக்கைக் காட்டினால் துப்பாக்கியையே நீட்டியதாகிவிடும் என்பதால், கையில் தனியாக ஒரு டார்ச்சும் வேண்டும்.

இடக்கைக்காரி (பிளேனோ, டெக்சஸ்)

அண்ணன் பின்கட்டையைப் பற்றி ஒன்றும் எழுதாததால் அதை நான் எழுதுகிறேன், ஏனெனில் என் வீட்டில் கேள்வியே அதுவாகத்தான் இருந்தது. நான் மருத்துவமனையில் பணிபுரிகிறேன். என் கணவர் வேலை நிமித்தம் வாரக்கணக்கில் வெளியூரில் இருப்பார். அவர் தமக்கென வாங்கியிருந்த துப்பாக்கி எனக்கு எந்த வகையிலும் பொருந்தவில்லை. என் உயரம் ஐந்தடி. ஆலையிலிருந்து வரும் ஷாட்கன்களில் விசையிலிருந்து (சுடுவதற்கு விரலால் இழுக்கும் பகுதி) தோளில் வைக்கும் பின்கட்டையின் முனை வரை ஏறத்தாழ 14 அங்குலம் இருக்கும். அந்த நீளத்துக்கு நான் கையை நீட்டினால் உடல் பின்னால் சாய்ந்துவிடும்; கட்டை தோள்குழியில் அமராமல் புயத்தின் மேல் ஏறிக்கொள்ளும்; சுட்டதும் வரும் உதைப்பு முழுவதையும் எலும்பே வாங்கும். பெண்களுக்கு ஷாட்கன் சரிப்படாது என்று சொல்பவர்கள் கட்டையின் நீளத்தை ஒருமுறையாவது அளந்து பார்த்திருப்பார்களா என்பது சந்தேகமே.

அளக்கும் முறை எளிது. துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொண்டு, முழங்கையைச் செங்கோணமாக மடக்கி, கட்டையின் முனையை முழங்கையின் உள்மடிப்பில் வைத்தால், ஆள்காட்டி விரலின் முதல் கணு விசையைச் சிரமமின்றி எட்ட வேண்டும். எனக்கு எட்டவே இல்லை. மேக்புல் நிறுவனத்தின் எஸ்ஜிஏ பின்கட்டையில் இடைத்தகடுகளைச் சேர்த்தும் எடுத்தும் நீளத்தைப் பன்னிரண்டரை அங்குலம் வரை குறைக்கலாம். அதற்குச் சுமார் 100 டாலர் ஆனது; ஒரு திருப்புளியால் நாங்களே மாற்றிவிட்டோம், கன்ஸ்மித் தேவைப்படவில்லை.

நான் இடக்கைப் பழக்கம் உள்ளவள் என்பதால் மாஸ்பெர்க் 500-ஐத் தேர்ந்தெடுத்தேன். ரெமிங்டனில் தவறிச் சுடாமல் தடுக்கும் சேஃப்டி பொத்தான் விசைக்கூட்டின் பின்புறம் குறுக்காக இருக்கும், அது வலக்கைக்காரர்களுக்கே வசதி. மாஸ்பெர்க்கில் அது மேல்புறம் பெருவிரலடியில் இருப்பதால் எந்தக் கைக்கும் ஒன்றுதான். 12 கேஜுக்குப் பதில் 20 கேஜ் வாங்கியதும் நல்ல முடிவு என்றே நினைக்கிறேன். உதைப்பு கணிசமாகக் குறைவு, பயிற்சிக்குப் போக மனமும் வருகிறது. உடலுக்கு ஏற்ப மாற்றியமைப்பது கட்டாயம் என்பேன். அதற்கு ஆயிரக்கணக்கில் செலவழிப்பது கட்டாயமில்லை.

எடிசன்வாசி (நியூ ஜெர்சி)

இதைப் படித்துவிட்டு யாரேனும் உடனே கடைக்குப் போகக்கூடும் என்பதால் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். எச்-1பி போன்ற குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டரசுச் சட்டம் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விதிவிலக்குகள் மட்டுமே உண்டு. கிரீன் கார்டு பெற்றவர்களுக்கு இந்தத் தடை பொருந்தாது. கணவருக்கு ஒரு விசா, மனைவிக்கு வேறு நிலை என்றிருக்கும் வீடுகளில் யார் கைக்கு எட்டும்படி துப்பாக்கி இருக்கிறது என்பதும் சட்டப்படி முக்கியம்; வழக்கறிஞரைக் கேட்காமல் வாங்காதீர்கள். எங்கள் மாநிலத்தில் ஷாட்கன் வாங்குவதற்கே காவல்துறை வழியாக அடையாள அட்டை பெற வேண்டும். மாற்றியமைக்கிறேன் என்று குழலை 18 அங்குலத்துக்குக் கீழே வெட்டிவிட்டால், 1934-ஆம் ஆண்டுச் சட்டப்படி முன்கூட்டியே பதிவும் ஒப்புதலும் பெறாத நிலையில், அது கடுங்குற்றம்.

எங்கள் வீட்டில் சிறு குழந்தைகள் இருப்பதால் துப்பாக்கி வேண்டாம் என்று முடிவு செய்து, அந்தப் பணத்தைக் கதவில் போட்டோம். பூட்டின் நாக்கு நுழையும் தகட்டை முக்கால் அங்குலத் திருகாணிகள்தான் பிடித்துக்கொண்டிருந்தன. மூன்று அங்குலத் திருகாணிகள் போட்டதும் தகடு சுவரின் உள்கட்டையையே பற்றிக்கொண்டது. துப்பாக்கி வைத்திருப்பவர்களும் இதை முதலில் செய்யட்டும்.

பாலைவாசி (பிரெஸ்காட், அரிசோனா)

கேட்டித் தம்பி எழுதியதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் மாற்றியமைப்பதன் பயனை அவர் விளக்கோடு நிறுத்திக்கொண்டது எனக்கு உடன்பாடில்லை. எனக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது, இரு கைகளிலும் மூட்டுவாதம். பம்ப் துப்பாக்கியில் முன்கைப்பிடியை ஒவ்வொரு முறையும் பின்னால் முழுவதுமாக இழுத்து, முன்னால் முழுவதுமாகத் தள்ள வேண்டும். பாதி இழுவையில் தள்ளிவிட்டால் காலித் தோட்டா வெளியேறாமல் சிக்கிக்கொள்ளும், அல்லது புதுத் தோட்டா ஏறாது. ஜெஃப் கூப்பர் 1976-இல் பால்டனில் நிறுவிய கன்சைட் பயிற்சிப் பள்ளி எங்கள் ஊருக்கு அருகில்தான் இருக்கிறது. அங்கே ஷாட்கன் வகுப்பில் சேர்ந்தபோது, அமைதியாக நின்று சுடுகையில் ஒரு பிழையும் செய்யாத இளைஞர்கள்கூட, பயிற்றுநர் நேரத்தைக் கணக்கிடத் தொடங்கியதும் அரை இழுவையில் தடுமாறுவதைக் கண்டேன். என் விரல்களின் நிலை அவர்களைவிட மோசம்.

ஆகவே, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் பெரெட்டா 1301 என்ற அரைத் தானியங்கியை வாங்கினேன். சுமார் 1,600 டாலர் ஆனது. அதன்மேல் கன்ஸ்மித்திடம் பெரிய சேஃப்டி பொத்தானும், தோட்டா ஏற்ற இழுக்கும் போல்ட் கைப்பிடியை நீண்டு தடித்ததாகவும் பொருத்தச் சொன்னேன். விரல் நுனியால் பற்ற முடியாததை இப்போது உள்ளங்கையின் ஓரத்தால் இழுக்கிறேன். இந்த இரண்டு பாகங்களுக்கும் கூலிக்கும் கொடுத்தது 200 டாலருக்குள்தான், ஆனால் அவை இல்லையென்றால் 1,600 டாலர் துப்பாக்கியும் எனக்குப் பயன்பட்டிராது. 250 டாலர் துப்பாக்கியும் இதே வேலையைச் செய்யும் என்பது நல்ல கைகள் உள்ளவர்களுக்கு மட்டுமே உண்மை. ஒன்று மட்டும் சொல்வேன்: எதை மாற்றினாலும், வீட்டில் வைக்கப்போகும் அதே தோட்டாவில் சில பெட்டிகளையாவது சிக்கலின்றிச் சுட்டுப் பார்க்கும் வரை அந்தத் துப்பாக்கியை நம்பாதீர்கள்.

மெஸ்கீட் நிழல் (சான் அன்டோனியோ புறநகர்)

இங்கே நேரடி நிகழ்வை யாரும் எழுதாததால் நான் எழுதுகிறேன். எங்கள் வீடு நகர எல்லைக்கு வெளியே, அடுத்த வீட்டு விளக்குகூடத் தெரியாத இடத்தில் இருக்கிறது. ஒரு நள்ளிரவு கார் கொட்டகையிலிருந்து வீட்டுக்குள் வரும் கதவை யாரோ தோளால் இடிக்கும் ஓசை கேட்டு விழித்தோம். மகள் கல்லூரி விடுதியில் இருந்ததால், நானும் மனைவியும் மட்டுமே வீட்டில் இருக்கிறோம் என்பது ஐயமின்றித் தெரிந்தது. மனைவி 911-ஐ அழைத்தார். நான் விரல்ரேகைப் பூட்டுள்ள பெட்டியிலிருந்து ஷாட்கனை எடுத்தேன். பழைய மாஸ்பெர்க் 500. பின்கட்டையும் விளக்கும் தவிர எல்லாம் ஆலையில் செய்தபடியே. குழலுக்குக் கீழுள்ள தோட்டாக் குழாயை நிரப்பி, சுடும் தோட்டா அறையைக் காலியாக வைத்திருப்பது என் வழக்கம். பெரும்பாலான பம்ப் துப்பாக்கிகள் அறையில் தோட்டாவோடு கீழே விழுந்தால் தானாக வெடிக்கக்கூடும் என்பதே அதற்குக் காரணம்.

நான் கூடத்துக்குப் போகவில்லை. கட்டிலுக்குப் பின்னால் இருவரும் மண்டியிட்டு, மூடிய படுக்கையறைக் கதவை நோக்கி இருந்தோம். காவலர் வந்துகொண்டிருக்கிறார்கள், என்னிடம் ஆயுதம் இருக்கிறது, உள்ளே வராதே என்று ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் உரக்கக் கத்தினேன். அப்போது நான் நினைத்ததெல்லாம் கதவுக்கு அப்பால் இருக்கும் சுவரைப் பற்றித்தான். ஏனெனில் 00 பக்ஷாட் என்ற பெரிய குண்டுகள் கொண்ட தோட்டாவின் ஒவ்வொரு குண்டும் 8.4 மில்லிமீட்டர் தடிமன் உள்ளது, ஜிப்சம் பலகைச் சுவர்களை அது சுலபமாகத் துளைத்துப் போகும். இடிக்கும் ஓசை நின்றது. ஒரு வண்டி கிளம்பும் ஓசை கேட்டது. ஷெரிஃப் அலுவலகத்துக் காவலர்கள் வந்து சேர இருபது நிமிடங்களுக்கு மேல் ஆனது. அவர்கள் வாசலில் நிற்கிறார்கள் என்று 911 பணியாளர் உறுதி செய்த பிறகு, துப்பாக்கியைக் காலி செய்து பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, வெறுங்கையோடு கதவைத் திறந்தேன்.

வந்தவர்களில் மூத்த காவலர் ஒருவர் துப்பாக்கியைப் பார்க்கக் கேட்டார். பார்த்துவிட்டு, நான் சுட்டிருந்தால், அது எவ்வளவு நியாயமாக இருந்திருந்தாலும், துப்பாக்கியைச் சான்றுப் பொருளாக எடுத்துச் சென்றிருப்போம், விசாரணை முடியும் வரை, சில வேளை ஆண்டுக்கணக்கில்கூட, திரும்பக் கிடைத்திருக்காது என்றார். அப்படிக் கொடுத்துவிட்டு மறுநாளே அதே போன்ற இன்னொன்றை வாங்க முடிகிற விலையில் இருப்பதைத்தான் கட்டிலருகே வைக்க வேண்டும் என்பது அன்றிலிருந்து எங்கள் வீட்டு முடிவு. பழைய 500 இன்றும் அதே பெட்டியில்தான் இருக்கிறது. விளக்கின் பேட்டரியை ஆண்டுக்கொரு முறை மாற்றுகிறேன்.