கண்ணாடி மாஸ்க்: உதடு தெரிஞ்சா மட்டும் போதுமா?

காது கேக்காதவங்க உதட்டைப் பார்த்து விளங்கவெண்டு வாய்ப்பக்கம் பிளாஸ்டிக் ஜன்னல் வைச்ச மாஸ்க் பற்றி, கிழக்கிலங்கையில அஞ்சு ஊர்க்காரர் கதைக்கிறாங்க.

கல்லடி
கிளினிக்கில அடிக்கடி காணுறது இது. மிஸி (நர்ஸ்) வாய் தெரியுற மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு "ஏழு மணிக்குப் போடுங்க ஐயா" என்பா. காது கேக்காத ஐயா எட்டு மணியெண்டு விளங்கித் தலையாட்டுவார். பிழை ரெண்டு பேரிலயும் இல்ல. ழ, ட ரெண்டும் நாக்கு உள்ளுக்குச் செய்யுற வேலை, உதட்டில ஒண்டும் தெரியாது. ப, ம இன்னும் மோசம். உதடு ஒரே மாதிரி மூடும், மணியும் பணியும் ஒண்டுதான். அதையே உரத்துத் திருப்பிச் சொன்னாலும் உதடு அதேதான் காட்டும். சொல்லை மாத்துங்க: "காலைச் சாப்பாடு முடிஞ்ச கையோட". மருந்துத் துண்டில மணிக்கூட்டை வரைஞ்சு முள்ளைப் போட்டா இன்னும் நல்லம்.

கல்முனை
சத்தத்தையும் கணக்கில எடுங்க. சாதாரண சர்ஜிக்கல் மாஸ்க் 2,000 முதல் 7,000 ஹேர்ட்ஸ் வரையான சத்தத்தில 3–4 டெசிபல் குறைக்கும், என்95 கிட்டத்தட்ட 12. ச, ஸ மாதிரி எழுத்துகளின்ட கூர்மை அந்த இடத்திலதான் இருக்கு. பிளாஸ்டிக் ஜன்னல் சர்ஜிக்கல் மாஸ்க்கை விடக் கூடவே மறைக்கும், ஏனெண்டா துணி மாதிரி அதுக்குள்ளால சத்தம் போகாது. ஆகவே உதட்டை வாசிக்கத் தெரியாம காது மெசினை மட்டும் நம்பி இருக்கிறவருக்கு இந்த மாஸ்க் நட்டம். மெசினோட சேர்ற கொலர் மைக் இருந்தா, கதைக்கிறவர் வாய்க்கு ஒரு சாண் கீழ குத்தவேணும். நெஞ்சடியில மாஸ்க் அவ்வளவு மறைக்காது. மெசின்ட சத்தத்தைக் கூட்டினா ஃபேன் இரைச்சலும் கூடத்தான் வரும்.

மருதமுனை
தைக்கிறவங்களுக்கு. கைத்தறித் துணி வேணாம், கனம். பொப்ளின் ரெண்டு மடிப்பு போதும். ஜன்னல் 10 சென்ரிமீற்றர் அகலம், 6 உயரம். அதைவிடச் சின்னனா வெட்டினா சிரிக்கக்குள்ள வாய் ஓரம் மறைஞ்சிடும். பிளாஸ்டிக்கில குண்டூசி குத்தாதீங்க, ஓட்டை ஓட்டையாவே நிக்கும். உடுப்புக் கிளிப் போடுங்க. தையல் நீளம் 3 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது, நெருக்கித் தைச்சா முத்திரை கிழியுற மாதிரி வரிசையாக் கிழியும். தையல் மெசின் பாதம் பிளாஸ்டிக்கில ஒட்டி இழுக்கும். மேல ஒயில் பேப்பர் துண்டொண்டை வைச்சுத் தைச்சுப் பிறகு கிழிச்செடுங்க. அயன் பண்ணவே கூடாது. மூக்குக் கம்பி இல்லாட்டி மூச்சு மேல போய் மூக்குக் கண்ணாடியையும் மூடும்.

மூச்சால ஜன்னல்ல புகார் பிடிக்காம இருக்கப் பாத்திரம் கழுவுற சோப்பு ஒரு துளி. உள்பக்கம் தடவி, காயவிட்டு, மெல்லிய துணியால துடையுங்க. ஏசி அறையில பிளாஸ்டிக் குளிர்ந்து கெதியாப் புகார் பிடிக்கும், மதியத்துக்கு முன்னம் ஒருக்காத் திருப்பிப் பூசவேண்டி வரும். வீட்டுல தைச்சதைக் காசநோய் வார்ட்டுக்குக் கொண்டுபோகாதீங்க, அது அந்த வேலைக்கில்ல.

சம்மாந்துறை
போடுறவருக்குச் சொன்னீங்க, மெசின் போட்டிருக்கிறவருக்கு? காதுக்குப் பின்னால மெசின், கண்ணாடிக் காம்பு, மாஸ்க் லாஸ்டிக் மூண்டும் ஒரே இடத்தில. மாஸ்க்கைக் கழட்டக்குள்ள மெசின் தெறிச்சு விழும், பஸ் ஸ்டாண்டில விழுந்தா தேடிப்பாருங்க! தலைக்குப் பின்னால கட்டுற நாடாதான் நல்லம். ஸ்காஃப் போடுற பிள்ளைகள் லாஸ்டிக்கை ஸ்காஃபுக்கு மேலால எடுத்துப் பின்னால ஒரு பட்டியில பட்டனோட மாட்டலாம். ஸ்காஃப் மெசினை இறுக்கி மூடினா கீச்செண்டு விசில் அடிக்கும். அந்த இடத்தில மெல்லிய துணியா, தளர்வா இருக்கட்டும்.

அம்பாறை
இங்க ஒரு சிக்கல் கூட. டொக்டர் சிங்களத்தில கதைப்பார். தமிழ் உதட்டை வாசிச்சுப் பழகினவருக்கு அது எந்தக் கண்ணாடியாலயும் விளங்காது. மொழி மாத்திச் சொல்றவருக்குத்தான் அந்த மாஸ்க்கைக் குடுக்கவேணும். அவரை டொக்டருக்குப் பக்கத்தில, நோயாளிக்கு நேரா, ஒரு மீற்றர் தூரத்தில நிறுத்துங்க. அவர்ட முதுகுப்பக்கம் அறை ஜன்னல் வேணாம், முகம் கறுப்பாத்தான் தெரியும். டியூப் லைற் நேரா முகத்தில அடிச்சாலும் பிளாஸ்டிக் பளபளத்து வாயை மறைக்கும், வெளிச்சம் பக்கவாட்டில வரட்டும்.

கல்லடி
சரி, இதை நான் யோசிக்கல்ல. மொழி மாத்துறவருக்கும் ஏழும் எட்டும் குழம்புற விசயத்தை முன்னமே சொல்லி வைக்கவேணும்.