புதுப்பிப்பு: இறம்பொடையில் அடம்பிடித்த எம்ஜிபி

கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும்போது இறம்பொடையில் தேநீருக்கு நிறுத்தினால், என் எம்ஜிபி (பழைய பிரித்தானிய ஸ்போர்ட்ஸ் கார்) மறுபடி ஸ்டார்ட் ஆக மறுக்கிறது என்று முன்பு எழுதியிருந்தேன். அந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிட்டது.

பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் கொயிலை மாற்றச் சொல்லிப் பலர் எழுதினீர்கள். மாற்றவில்லை, பிளக்கில் பொறி நன்றாகவே இருந்தது. வில்லன் வெப்பம்தான். இந்த எஞ்சினில் பெற்றோலைக் காற்றோடு கலக்கும் இரண்டு எஸ்யூ காபுரேட்டர்களும், சூடான புகையை வெளியேற்றும் எக்ஸோஸ்ட் மேனிபோல்டும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. ஓடும்போது காற்றும் புதிதாக வரும் பெற்றோலும் சூட்டைத் தணிக்கும். நிறுத்தியதும் இரண்டும் நின்றுவிட, மேலெழும் சூடு காபுரேட்டரின் மிதவை அறையில் (பெற்றோல் தேங்கும் சிறு அறை) உள்ள பெற்றோலைக் கொதிக்க வைக்கிறது. உயரம் கூடக்கூடக் காற்றழுத்தம் குறைவதால் கொதிப்பதும் எளிது; நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது.

கராஜ் பாஸ் காபுரேட்டர்களைக் கழற்றிப் பார்த்தால், அவற்றுக்கும் எக்ஸோஸ்டுக்கும் இடையில் இருக்க வேண்டிய வெப்பத்தடுப்புத் தகட்டையே காணவில்லை! எந்தக் காலத்தில் யார் கழற்றினார்களோ. புதுத் தகடும், வெப்பம் கடத்தாத ஸ்பேசர்களும், புது கேஸ்கெட்களும் போட்டோம். பெற்றோல் குழாயை எஞ்சினிலிருந்து விலக்கிக் கட்டினோம்.

"எக்ஸோஸ்டுக்குத் துணிப்பட்டி சுற்றவா, தம்பி?" என்று கேட்டார். மறுத்துவிட்டேன். நம் மலை மழையில் அது ஈரத்தைப் பிடித்துவைத்து இரும்பைத் தின்றுவிடும்.

கொளுத்தும் வெயிலில் நிறுத்தினால் இன்னமும் பொனட்டைத் திறந்து வைக்கிறேன். அப்படியும் மக்கர் செய்தால் கலவையில் பெற்றோலைக் கூட்டும் சோக்கை இழுக்காதீர்கள். கொதித்து எஞ்சினுக்குள் வழிந்த பெற்றோலால் கலவை ஏற்கெனவே அடர்ந்திருக்கும். ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள்.